வெளிச்சவீடு நடந்த பிறகு: டபுள் ஃபைன் அடுத்து என்ன செய்யும்?

கல்லடியில் நண்பர் ஒருவரின் வீட்டு மேல்மாடியில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் கூடுகிறோம். கேம் விளையாடுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், கணினிப் பாடம் படிக்கிறவர்கள் என்று பதினைந்து, இருபது பேர் வருவார்கள். போன முறை முழுப் பேச்சும் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள, 2019இல் மைக்ரோசொஃப்ட் வாங்கிய டபுள் ஃபைன் என்ற கேம் நிறுவனத்தைப் பற்றித்தான். 2025 ஒக்டோபர் 17ஆம் திகதி அவர்கள் வெளியிட்ட 'கீப்பர்' என்ற கேமில் ஒரு பழைய வெளிச்சவீடு கால் முளைத்து நடக்கிறது. இப்படி ஒன்றைச் செய்தவர்கள் அடுத்து எதைச் செய்வார்கள் என்று ஆளுக்கொரு ஊகம் சொன்னார்கள். எங்களில் அவர்களுடைய கேம்களைக் கூடுதலாக விளையாடியவன் நான் என்பதால் கேள்விகளைச் சீட்டில் எழுதி என் கையில் தந்துவிட்டார்கள். அன்று பாதிக்குத்தான் நேரம் கிடைத்தது. இப்போது எல்லாவற்றுக்கும் எழுதுகிறேன்.

கல்லடி, உயர்தரம் படிக்கும் தம்பி: அண்ணா, கீப்பர் மாதிரி வித்தியாசமான கேம் இனியும் வருமா? இல்லை, இது ஒரு தடவையோடு சரியா?

வரும் என்றுதான் நினைக்கிறேன் தம்பி. அவர்கள் வேலை செய்யும் முறையைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

2007இல் 'புரூட்டல் லெஜன்ட்' என்ற பெரிய கேமின் வேலை நடந்துகொண்டிருந்தது. நிறுவனத்தைத் தொடங்கிய டிம் ஷேஃபர் அந்த வேலையை இரண்டு வாரத்துக்கு நிறுத்தச் சொன்னார். ஆட்களை நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சின்னக் கேம் செய்து காட்டுங்கள் என்றார். அதற்கு 'அம்னீசியா ஃபோர்ட்நைட்' என்று பெயர் வைத்தார்கள். கையில் இருக்கும் வேலையை மறந்துவிடும் இரண்டு வாரம் என்று பொருள்.

2009இல் புரூட்டல் லெஜன்ட் வெளியானது. அதன் இரண்டாம் பாகத்துக்கான வேலையும் தொடங்கியது, ஆனால் வெளியீட்டாளர் அதைக் கைவிட்டார். சம்பளம் கொடுக்க வழி தேட வேண்டிய அந்த நேரத்தில் அந்த இரண்டு வார முயற்சிகள்தான் கைகொடுத்தன. 'கொஸ்ட்யூம் குவெஸ்ட்' 2010இலும் 'ஸ்டாக்கிங்' 2011இலும் அப்படித்தான் வந்தன. ஸ்டாக்கிங்கில் நீங்கள் ஒரு சின்ன மரப்பொம்மை. பெரிய பொம்மைக்குள் புகுந்து, அந்தப் பொம்மையின் திறமையை எடுத்துக்கொண்டு புதிர்களை விடுவிக்க வேண்டும். அதை இயக்கியவர் லீ பெட்டி. 2016இல் 'ஹெட்லாண்டர்', 2019இல் 'ராட்', இப்போது கீப்பர், எல்லாம் அவருடையவை. இந்த வரிசையைத் தெரிந்தவர்களுக்குக் கீப்பர் பெரிய அதிர்ச்சியாக இருந்திராது.

என் ஊகம் இதுதான். அடுத்த வித்தியாசமான கேமும் சின்னக் குழுவிடமிருந்து, ஒரே ஆளின் மனதில் விழுந்த ஒரே படத்திலிருந்து வரும். பொம்மைக்குள் பொம்மை புகுகிறது. தலை மட்டும் கழன்று பறக்கிறது. வெளிச்சவீடு நடக்கிறது. மூன்றையும் ஒரு வரியில் உங்கள் அம்மாவிடம் சொன்னால் அவருக்கு விளங்கும். அடுத்ததும் அப்படி ஒரு வரியில் சொல்லக்கூடியதாக இருக்கும்.

சம்மாந்துறை: காக்கா, மைக்ரோசொஃப்ட் இவர்களையும் ஒரு நாள் மூடிவிடுமா? டாங்கோவை மூடினார்களே.

அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. 'ஹை-ஃபை ரஷ்' 2023இல் வந்து எல்லாரும் கொண்டாடிய கேம். அதைச் செய்த டாங்கோ கேம்வேர்க்ஸை மூடப்போவதாக 2024 மே மாதத்தில் அறிவித்தார்கள். பிறகு கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அதை வாங்கியதால்தான் அந்தப் பெயர் பிழைத்தது. 2025 ஜூலையில் மைக்ரோசொஃப்ட் முழுவதிலும் ஏறத்தாழ 9,000 வேலைகள் போயின. 'எவர்வைல்ட்', 'பெர்ஃபெக்ட் டார்க்' என்ற இரண்டு கேம்களும் பாதியிலேயே நின்றன. நல்ல கேம் செய்தால் தப்பிக்கலாம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆனால் டபுள் ஃபைனுக்குக் கைவிடப்படுவது புதிதல்ல. முதல் 'சைக்கோநோட்ஸ்' கேமை வெளியிட இருந்ததே மைக்ரோசொஃப்ட்தான். அவர்கள் இடையில் விலக, மஜெஸ்கோ என்ற நிறுவனம் 2005இல் வெளியிட்டது. புரூட்டல் லெஜன்ட்டை ஆக்டிவிஷன் நிறுவனம் கைவிட, ஈஏ நிறுவனம் எடுத்தது. 2019 ஜூனில் மைக்ரோசொஃப்ட் அவர்களை வாங்கிய பிறகு ஒரு நன்மையும் நடந்தது. சைக்கோநோட்ஸ் இரண்டாம் பாகத்தை அவசரப்படுத்தாமல், வெட்டியெறிந்திருக்கக்கூடிய பகுதிகளையும் சேர்த்து, 2021 ஓகஸ்டில் வெளியிட நேரம் கிடைத்தது. கீப்பர் போன்ற ஒன்றுக்குச் சொந்தமாகக் காசு தேடியிருந்தால் எத்தனை கதவைத் தட்டியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் வாங்கியவர்களை முழுக்கத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

ஆரையம்பதி: சைக்கோநோட்ஸ் 3 எப்போது?

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 16 வருடம். அவசரப்படாதீர்கள். என் கணிப்பில் கிட்டடியில் இல்லை.

களுவாஞ்சிக்குடி, ஒரு ஆசிரியை: மகன் கீப்பர் விளையாடும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒருவரும் பேசவில்லை, சண்டையும் இல்லை. இதை எப்படிக் கேம் என்கிறீர்கள்?

நல்ல கேள்வி அக்கா, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மனிதர்கள் இல்லாமற்போன ஒரு தீவு. இருளும் பூச்சியுமாகத் திரண்டு வரும் ஒன்றிடமிருந்து தப்பி வந்த பறவை ஒன்று, கைவிடப்பட்ட வெளிச்சவீட்டில் தஞ்சம் புகுகிறது. வெளிச்சவீடு விழித்து, கால் முளைத்து, தள்ளாடித் தள்ளாடி மலையை நோக்கி நடக்கத் தொடங்குகிறது. உங்கள் கையில் இருப்பது அந்த வெளிச்சம்தான். செடியில் அடித்தால் செடி வளரும், உறங்கும் உயிரில் அடித்தால் அது அசையும். வெளிச்சம் எட்டாத இடத்துக்குப் பறவையை அனுப்பலாம். எதை எப்போது பார்ப்பது என்று முடிவெடுப்பதே இங்கே ஆட்டம். சுடுவதற்குப் பதில் பார்ப்பது.

இதை விளையாடும்போது எனக்குப் பாலமீன்மடு வெளிச்சவீடுதான் நினைவுக்கு வந்தது. 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். சின்ன வயதில் முகத்துவாரம் பக்கம் போகும்போதெல்லாம் அது கடலைப் பார்க்கிறதா வாவியைப் பார்க்கிறதா என்று தம்பியோடு வாக்குவாதப்படுவேன். சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் வீடுகள் இருந்த இடம் வெறும் மணலாகக் கிடந்தபோதும் அது நின்றது. கீப்பரில் வெளிச்சவீடு முதல் அடி எடுத்துவைத்து விழுந்து எழும்புகிற இடத்தில் நான் கொன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

இன்னொன்று. என் அக்காவின் மகளுக்கு ஏழு வயது, ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. வழக்கமாக எந்தக் கேம் போட்டாலும் 'மாமா, இதில என்ன எழுதியிருக்கு?' என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கீப்பரில் வசனமே இல்லாததால் ஒரு மணித்தியாலம் ஒரு கேள்வியும் வரவில்லை, கதையை அவள்தான் எனக்குச் சொன்னாள். அந்தப் பறவைக்கு அவர்கள் வைத்த பெயர் ட்விக், சுள்ளி என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அது இப்போது சுள்ளிதான். பேச்சில்லாத கேமால் பெரிய இலாபம் நம்மைப் போன்ற சின்ன மொழிச் சந்தைகளுக்குத்தான். அவர்கள் இந்த வழியில் இன்னொன்று செய்ய வேண்டும் என்று நான் ஆசைப்படுவதும் அதனால்தான்.

பெரியகல்லாறு: பழைய மாதிரி, சுட்டியால் அழுத்தி அழுத்திப் புதிர் விடுவிக்கும் அட்வென்சர் கேம் திரும்ப வருமா? டிம் ஷேஃபர் வளர்ந்ததே அதில்தானே?

ஆம், 'டே ஒஃப் த டென்டக்கிள்' 1993, 'ஃபுல் த்ரொட்டில்' 1995, 'கிரிம் ஃபண்டாங்கோ' 1998, மூன்றும் அவர் முன்பு வேலை செய்த லூகாஸ் ஆர்ட்ஸில் அவர் கைபட்டவை. மூன்றையும் டபுள் ஃபைன் 2015 முதல் 2017 வரை புதுப்பித்தும் தந்தது.

ஆனால் புதிதாக ஒன்றைச் செய்ய முனைந்தபோது என்ன நடந்தது என்பதை மறக்கக்கூடாது. 2012 பெப்ரவரியில், மக்களிடம் காசு திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 4 இலட்சம் டொலர் கேட்டார்கள். ஒரே நாளில் 10 இலட்சத்தைத் தாண்டியது. முடிவில் 87,000 பேருக்கு மேல் சேர்ந்து 33 இலட்சம் டொலர் கொடுத்தார்கள். காசு கூட, கனவும் கூடியது. 'புரோக்கன் ஏஜ்' என்ற அந்தக் கேமுக்கு அவ்வளவும் போதவில்லை. கதையை இரண்டாக வெட்டி, முதல் பாதியை 2014 ஜனவரியிலும் மறுபாதியை 2015 ஏப்ரலிலும் தந்தார்கள். எனக்கு முதல் பாதி மிகவும் பிடிக்கும். இரண்டாவதில் புதிர்கள் கதையை இழுத்துப் பிடிக்கின்றன. அந்த அனுபவத்துக்குப் பிறகு அச்சு அசல் பழைய வடிவத்துக்கு அவர்கள் போவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் புதிர்க் குணம் வேறு உருவத்தில் வரும். ஸ்டாக்கிங் அப்படித்தானே வந்தது?

கல்முனை: அடுத்த ஐந்து கேம்களின் பட்டியல் என்று ஒரு படம் ஃபோனுக்கு ஃபோன் சுற்றுகிறது. உண்மையா?

மூலம் எது என்று சொல்லாத பட்டியலை நான் கணக்கில் எடுப்பதில்லை. பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. நிறுவனத்தின் வேலைவாய்ப்பு விளம்பரங்களில் என்ன திறமை கேட்கிறார்கள் என்று பாருங்கள். பதிவு செய்யப்படும் வர்த்தகப் பெயர்களைப் பாருங்கள். அவுஸ்திரேலியா, கொரியா போன்ற நாடுகளில் வயதுத் தரம் கொடுக்கும் சபைகளின் பட்டியலில் அறிவிக்காத கேம்களின் பெயர் சிலவேளை முதலில் தெரியவரும்.

இவற்றையெல்லாம்விட, சைக்கோநோட்ஸ் இரண்டாம் பாகம் உருவானதைக் காட்டும், 2023இல் யூடியூபில் இலவசமாக வந்த 'சைக்கொடிசி' ஆவணப்படத்தைப் பாருங்கள். 30க்கு மேற்பட்ட பகுதிகள். அவர்கள் சண்டை பிடிப்பதும் களைத்துப்போவதும், ஒரு யோசனையைத் தேர்ந்தெடுத்து இன்னொன்றை விடுவதும் அதில் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு போலிப் பட்டியல் எது என்று வாசித்த உடனேயே உங்களுக்குத் தெரியும்.

மட்டக்களப்பு நகரம்: நம்முடைய ஊரை வைத்து அவர்கள் ஒரு கேம் செய்வார்களா? மெக்சிகோவை வைத்து டிம் ஷேஃபர் கிரிம் ஃபண்டாங்கோ செய்தாரே.

இறந்தோர் நாள் என்ற மெக்சிகோப் பண்டிகையிலிருந்துதான் கிரிம் ஃபண்டாங்கோவின் எலும்புக்கூட்டு மனிதர்கள் வந்தார்கள், சரி. ஆனால் நம் ஊருக்கு அவர்கள் வருவார்கள் என்று காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. அந்த இரண்டு வாரத்தை நாமே எடுக்கலாம்.

யோசித்துப் பாருங்கள். கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது அப்படியே ஒரு விளையாட்டு முறை. காதை வைக்கிறீர்கள், ஒலி வரும் திசைக்குத் தோணியைத் திருப்புகிறீர்கள், ஒலி மங்கினால் வழி பிழை. பேச்சே வேண்டாம். கூத்துக் களரியை எடுங்கள். வட்டமான களரி, நாலு பக்கமும் சனம், அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஏற்ப வரவு ஆட்டம். வடமோடியும் தென்மோடியும் ஆட்டத்திலேயே வேறுபடுவதால் தாளத்தைப் பிடித்து ஆடும் கேமுக்கு இரண்டு வகை கையில் இருக்கிறது. இவற்றை வெளியாள் ஒருவர் படித்துச் செய்வதைவிட, களரியைச் சுற்றி விடியவிடிய இருந்த பிள்ளை செய்வது நன்றாக இருக்கும்.

அக்கரைப்பற்று: அதற்கு எந்த மென்பொருள்? தமிழ் எழுத்து உடைந்து உடைந்து வருகிறதே.

கோடோ எடுங்கள், இலவசம், சாதாரண லப்டொப்பில் ஓடும். நான்காம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். 'கொ' என்று எழுதினால் கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். அந்த இடமாற்றத்தை மென்பொருள் செய்யாவிட்டால்தான் எழுத்து உடைகிறது. கோடோ 3இல் அந்த வசதி இல்லை, 4இல் இருக்கிறது. தமிழ் எழுத்துரு ஒன்றை நீங்களே சேர்த்துவிடுங்கள். வாசித்துத் தெரிவுசெய்யும் கதை மட்டும் போதும் என்றால் ட்வைன் இன்னும் இலேசு. உலாவியிலேயே ஓடுவதால் தமிழ் ஒழுங்காகத் தெரியும்.

இரண்டு வாரத்தில் முடியாத யோசனையை எடுக்காதீர்கள். ஒரு இடம், ஒரு செயல், ஒரு முடிவு.

செங்கலடி: என்னிடம் பழைய லப்டொப். எதை விளையாடலாம்?

கீப்பர் ஓடாது. கொஸ்ட்யூம் குவெஸ்ட், ஸ்டாக்கிங், புதுப்பித்த டே ஒஃப் த டென்டக்கிள். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் தள்ளுபடி வரும்வரை பொறுத்திருங்கள், நன்றாகக் குறையும்.

நாவற்குடா, பென்சிலால் எழுதிய சீட்டு: மாமா, கடைசியில் சுள்ளி செத்துப்போகுமா?

அதை நான் சொல்ல மாட்டேன் மகள். அடுத்த சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு பின்னேரம் மூன்று மணிக்கு வாருங்கள். என்னுடைய கொன்ட்ரோலர் உங்களுக்குத்தான்.