மீதிங்க்ஸ்: இலக்கணப் பிழையா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியர் நாடகங்களிலிருந்து சில வரிகளைப் படித்துக் காட்டினேன். 'ஹாம்லெட்'டில் வரும் 'மீதிங்க்ஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஒரு மாணவி எழுந்து, "'ஐ திங்க்' என்றுதானே வர வேண்டும் மிஸ்? நாங்கள் 'மீ திங்க்ஸ்' என்று எழுதினால் நீங்கள் சுழித்துவிடுவீர்களே" என்றாள். அந்தக் காலத்து ஆங்கிலம் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே போதவில்லை. ஷேக்ஸ்பியர் ஏன் அப்படி எழுதினார்? இன்னும் இரண்டு சந்தேகங்கள். 'திங்க்'கும் நம்முடைய 'சிந்தி'யும் ஒரே வேரா? ஓசை அவ்வளவு நெருக்கமாக இருக்கிறதே. அப்புறம், 'திங்க்' இறந்தகாலத்தில் ஏன் 'தாட்' ஆகிறது? அதில் ஜி, எச் இரண்டும் எங்கிருந்து வந்தன?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவி கேட்டது சரியான கேள்வி. 'மீ' எழுவாயாக வராது. வந்ததாகவே வைத்துக்கொண்டாலும், தன்மைக்குப் பின்னால் 'திங்க்ஸ்' என்று படர்க்கை விகுதி எப்படி வரும்? இரண்டு இடத்தில் இடிக்கிறது. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். 'மீதிங்க்ஸ்' என்பது 'ஐ திங்க்' திரிந்து வந்த வடிவமே இல்லை. அதில் இருப்பது வேறொரு வினைச்சொல்.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்த இடத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ஒன்றைத் தமிழில் 'தென்ச்சன்' என்று எழுதலாம். ஒன்றை மனத்தில் கொண்டுவருவது, ஆராய்வது, செய்ய எண்ணுவது எல்லாம் அதன் பொருள். இன்னொன்று 'தின்ச்சன்'. அதிலுள்ள இகரத்தை உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்ல வேண்டும். அதன் பொருள் தோன்றுதல், ஒருவருக்கு ஒன்று இன்னபடி படுதல். முதல் வினைக்கு நினைக்கிறவர் எழுவாய். இரண்டாவதற்குத் தோன்றுகிற விஷயம் எழுவாய். அது யாருக்குத் தோன்றுகிறதோ அவர் நம் நான்காம் வேற்றுமை போன்ற ஒன்றில் வருவார். 'மீதிங்க்ஸ்' இந்த இரண்டாவது வினையின் வாரிசு. அதிலுள்ள 'மீ'க்கு அங்கே 'எனக்கு' என்று பொருள். 'திங்க்ஸ்' என்றால் 'தோன்றுகிறது'. தோன்றுவது படர்க்கைப் பொருள் என்பதால் விகுதியும் படர்க்கை விகுதி. எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவுதான், பிழை எதுவும் இல்லை.

இந்த இரண்டு வினைகளும் தொடர்பில்லாதவை அல்ல. திருந்து, திருத்து என்று நாம் தன்வினையையும் பிறவினையையும் ஜோடியாகச் சொல்கிறோம் இல்லையா, அதுபோல 'தென்ச்சன்' ஆதியில் 'தின்ச்சன்' என்பதன் பிறவினையாக இருந்திருக்கும் என்பது சொல்லாய்வாளர்களின் கருத்து. அதாவது ஒன்றைத் தனக்குத் தானே தோன்றச் செய்வது. நினைத்தல் என்ற செயலுக்கு இதைவிட அழகான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. ஜெர்மனில் இந்த ஜோடி இன்னும் பிரிந்தே நிற்கிறது: நினைப்பதற்கு 'டெங்கன்', தோன்றுவதற்கு 'ட்யூங்கன்'. இரண்டாவது இப்போது பழைய நடையில் மட்டும்தான் வரும். ஆனாலும் அதன் உறவான 'ட்யூங்கல்' புழக்கத்தில் இருக்கிறது. தன்னைப் பற்றித் தனக்கே பெரிதாகத் தோன்றுவது, அதாவது இறுமாப்பு.

இங்கே உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். லண்டனில் இதைப் படிக்கும் பிள்ளைக்கு 'மீதிங்க்ஸ்' அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டிய விநோதம். நம் பிள்ளைக்கோ அது வீட்டில் பேசுகிற வாக்கியம். எனக்குத் தோணுது, எனக்குத் தெரியும், எனக்குப் புரியுது, எனக்குப் பசிக்குது. பழைய ஆங்கிலத்திலும் பசி 'எனக்கு'த்தான் பசித்தது. பிடிப்பதும் 'எனக்கு'த்தான் பிடித்தது, ஏனென்றால் 'லைக்' என்ற வினைக்கு முதலில் இருந்த பொருள் 'பிடித்தமாக இருத்தல்'. நம்மை எழுவாயாக்காமல் 'எனக்கு' என்று நிறுத்தும் அந்த அமைப்பு ஆங்கிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, பசித்தவரும் பிடித்தவரும் தோன்றப்பெற்றவரும் எல்லாருமே 'ஐ' என்று எழுவாய் நாற்காலிக்கு வந்துவிட்டார்கள். இதை வைத்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உறவு கொண்டாட முடியாது. இந்தியில் 'முஜே லக்தா ஹை' என்பதும் இதே அமைப்புதான். தொடர்பே இல்லாத மொழிகள்கூடத் தனித்தனியாக இந்த இடத்துக்கு வந்து சேர்கின்றன.

'ஹாம்லெட்' எழுதப்பட்டது 1600ஐ ஒட்டி. மொழி இந்த மாற்றத்தின் நடுவே இருந்த நேரம் அது. அந்த நாடகத்துக்குள்ளேயே பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். நீங்கள் சொன்ன வரி மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. நாடகத்துக்குள் நடக்கும் நாடகத்தில், கணவன் இறந்தால் மறுமணமே செய்துகொள்ள மாட்டேன் என்று ஓர் அரசி சத்தியத்துக்கு மேல் சத்தியம் செய்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் தன் அம்மாவிடம் ஹாம்லெட் கேட்கிறான்: நாடகம் எப்படி, பிடித்திருக்கிறதா? அந்தக் கேள்வியில் வரும் 'லைக்' புதிய அமைப்பு, பிடித்தவர் எழுவாய். அதற்கு அம்மா கெர்ட்ரூட் சொல்லும் பதில்: 'த லேடி டத் ப்ரொடெஸ்ட் டூ மச், மீதிங்க்ஸ்'. அந்தப் பெண் அளவுக்கு மீறிச் சத்தியம் செய்கிறாள் என்று எனக்குப் படுகிறது. இங்கே வரும் 'மீதிங்க்ஸ்' பழைய அமைப்பு. கடைசிக் காட்சியில் வாள் சண்டைக்கு முன் ஹாம்லெட் ஒரு வாளை எடுத்துப் பார்த்து, 'திஸ் லைக்ஸ் மீ வெல்' என்கிறான். இது எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. இங்கே 'லைக்' மறுபடி பழைய அமைப்புக்குப் போய்விட்டது, வாள்தான் எழுவாய்.

அதே நாடகத்தில் 'ஐ திங்க்'கும் வருகிறது. முதல் அங்கத்தில் கோட்டைக் காவல் மேடையில் குளிரில் நிற்கும்போது மணி என்ன என்று ஹாம்லெட் கேட்க, பன்னிரண்டு ஆகவில்லை என்று 'ஐ திங்க்' போட்டுச் சொல்கிறான் நண்பன் ஹொரேஷியோ. அவன் அங்கே எதையும் ஆராயவில்லை, உத்தேசமாகச் சொல்கிறான். ஆக, கெர்ட்ரூடுக்கும் 'ஐ திங்க்' என்று சொல்ல வழி இருந்தது. என் வாசிப்பில், அவள் 'மீதிங்க்ஸ்' என்று முடிப்பதில் ஒரு பின்வாங்கல் இருக்கிறது. மறுமணம் செய்துகொண்டவள் மறுமணம் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டிய இடம். 'நான் நினைக்கிறேன்' என்று தன்னை முன்னே நிறுத்தாமல், எனக்கு என்னவோ அப்படிப் படுகிறது என்று சொல்லிவிட்டு நகர்கிறாள். வகுப்பில் இந்த வரியைத் தமிழில் சொல்லும்போது 'நினைக்கிறேன்' என்று முடிக்காதீர்கள், 'எனக்குப் படுகிறது' என்று முடியுங்கள். (அந்த வரியிலுள்ள 'ப்ரொடெஸ்ட்' என்பதற்கு எதிர்ப்புத் தெரிவித்தல் என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. அன்றைக்கு அதன் பொருள் அடித்துச் சத்தியம் செய்வது. இதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.)

இன்னும் தெளிவான ஓர் இடம் வேண்டுமென்றால், 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், சாமுவேலின் இரண்டாம் புத்தகம், 18ஆம் அதிகாரம். கலகம் செய்த மகன் அப்சலோமோடு நடந்த போரின் சேதிக்காக அரசர் தாவீது இரண்டு வாசல்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். வாசலுக்கு மேல் நிற்கும் காவல்காரன் தூரத்தில் தனியாக ஓடிவரும் ஒருவனைப் பார்க்கிறான். பின்னால் இன்னொருவன். முகம் தெரியாத தூரம். முன்னால் வருகிறவனுடைய ஓட்டம் சாதோக்கின் மகன் அகிமாஸின் ஓட்டம் போல இருக்கிறது என்கிறான். அங்கே பைபிளில் இருப்பது 'மீ திங்கெத்'. இரண்டு தனிச் சொற்களாகவே எழுதியிருக்கிறார்கள், அதனால் 'எனக்கு' தனியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. காவல்காரன் எதையும் யோசித்து முடிவுக்கு வரவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்கிறான். 'தின்ச்சன்' என்ற வினை இதற்காகவே பிறந்ததுபோல இருக்கிறது.

சரி, இரண்டு வினைகளும் எப்படி ஒன்றாயின? ஒலிதான் காரணம். உதடு குவித்துச் சொன்ன அந்த இகரம் இங்கிலாந்தின் பல பகுதிகளில் சாதாரண இகரமாகிவிட்டது. 'தென்ச்சன்' என்பதன் எகரமும் மெல்லின மெய்க்கு முன்னால் இகரத்தின் பக்கம் நகர்ந்தது. நிகழ்காலத்தில் இரண்டும் 'திங்க்' ஆயின. இறந்தகாலத்தில் ஒன்றில் ஓகாரமும் மற்றதில் ஊகாரமும் இருந்தன, அந்த வேறுபாடும் பிறகு கரைந்துபோனது. இரண்டு வினைகளுக்கு ஒரே உருவம் ஆனபிறகு, வாக்கியத்தில் 'ஐ' வருகிறதா 'மீ' வருகிறதா என்பது மட்டுமே வித்தியாசம் காட்டியது. 'மீ' போடும் வழக்கம் மொழி முழுவதிலும் மறைந்துகொண்டிருந்ததால் அந்த வித்தியாசமும் நிற்கவில்லை. 'மீதிங்க்ஸ்' மட்டும் உறைந்துபோன ஒற்றைச் சொல்லாகத் தங்கியது. அதன் அமைப்பு மறந்துபோய், 'மீதாட்' என்ற இறந்தகாலத்தோடும் ஓர் எஸ்ஸைச் சேர்த்து 'மீதாட்ஸ்' என்று எழுதியவர்களும் உண்டு.

இதனால் 'திங்க்' நிறைய வேலைகளை ஏற்றுக்கொண்டது. 'தோன்றுகிறது' அதனிடம் வந்தது. ஊகிப்பதற்கு 'வீன்' என்று ஒரு பழைய வினை இருந்தது. இன்று அது தலைக்கனம் மிகுந்த என்று பொருள்படும் 'ஓவர்வீனிங்' என்ற சொல்லுக்குள் மட்டும் மிச்சம். நம்புவதற்கு 'ட்ரோ' இருந்தது, போய்விட்டது. தீர்ப்புச் சொல்லும் 'டீம்' இன்று அலுவலகக் கடிதங்களில் மட்டும் வாழ்கிறது. அது 'டூம்' என்பதன் உறவு, 'டூம்ஸ்டே' என்றால் தீர்ப்பு நாள். இவையெல்லாம் பார்த்த வேலையில் பெரும்பங்கு 'ஐ திங்க்' தலையில் விழுந்தது. அதனால்தான் மழை வரும்போல இருக்கிறது என்பதற்கும் 'ஐ திங்க்', அவன் நல்லவன் என்பதற்கும் 'ஐ திங்க்', நான் கிளம்புகிறேன் என்பதற்கும் 'ஐ திங்க்'. உண்மையாகவே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் அவர்கள் 'ஐ ஆம் திங்கிங்' என்கிறார்கள். மழை வரும்போல இருப்பதற்கு அந்த 'இங்' வராது. உங்கள் பிள்ளைகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். 'யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று தமிழில் சொல்ல முடிகிற இடத்தில் 'இங்', 'தோன்றுகிறது' என்று சொல்ல முடிகிற இடத்தில் வெறும் 'திங்க்' என்று கொடுத்துப் பாருங்கள். எல்லா இடத்துக்கும் பொருந்தாது, பெரும்பாலும் பொருந்தும்.

உங்கள் இரண்டாவது கேள்வி. 'திங்க்'குக்கும் 'சிந்தி'க்கும் உறவு இல்லை. 'சிந்தி' சமஸ்கிருதத்திலிருந்து நமக்கு வந்தது. ஆங்கிலம் சமஸ்கிருதத்தோடு உறவுடைய மொழிதான், ஆனால் உறவுச் சொற்களின் ஒலிகள் ஓர் ஒழுங்கில் மாறும். ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் அதை விரிவாக எழுதினார். ஆங்கிலத்தில் 'த்ரீ'யில் வருவது போன்ற முதலொலி இருந்தால், சமஸ்கிருத உறவில் தகரம் இருக்க வேண்டும். 'த்ரீ'க்கு 'திரயம்', மெலிவைக் குறிக்கும் 'தின்'னுக்கு 'தனு'. 'திங்க்'குக்கு ஓர் உறவு இருந்திருந்தால் அதுவும் தகரத்தில் தொடங்கும், சகரத்தில் தொடங்காது. ஓசை ஒத்துப்போவது வெறும் தற்செயல். உறவு வேண்டுமென்றால் வேறு இடத்தில் கிடைக்கும். 'மைண்ட்'டும் மனம் என்று நாம் எடுத்துக்கொண்ட 'மனஸ்'ஸும் ஒரு வேர். 'நோ' என்று அறிதலைச் சொல்லும் வினையும் ஞானமும் ஒரு வேர். 'திங்க்'குக்குச் சொந்த வீட்டிலேயே நெருங்கிய உறவு 'தேங்க்'. பழைய ஆங்கிலத்தில் 'தாங்க்' என்றால் எண்ணம், அதிலிருந்து நல்லெண்ணம், அதிலிருந்து நன்றி.

கடைசியாக 'தாட்'. ஆங்கிலம், ஜெர்மன் எல்லாம் தனித்தனி மொழியாகப் பிரிவதற்கு முன்பே, அவற்றின் தாய்மொழியில் 'திங்க்'கின் இறந்தகால வடிவத்தில் நகரத்துக்குப் பின் ஒரு ஹகரமும் அதன்பின் டகர விகுதியும் இருந்தன. ஹகரத்துக்கு முன்னால் நின்ற நகரம் விழுந்து, அதற்கு ஈடாக முன்னிருந்த உயிர் நீண்டது. 'பிரிங்' 'ப்ராட்' ஆனதும் அப்படித்தான். ஜெர்மனிலும் 'டெங்கன்' இறந்தகாலத்தில் 'டாஃக்ட'தான், அங்கேயும் நகரம் இல்லை. 'சீக்', 'டீச்', 'பை' போன்றவற்றில் நகரம் கிடையாது, ஆனால் இறந்தகாலத்தில் அதே ஹகரமும் டகரமும் உண்டு. 'கேட்ச்' பிரெஞ்சிலிருந்து பின்னால் வந்து இவற்றைப் பார்த்து 'காட்' என்று மாற்றிக்கொண்டது.

அந்த ஜி, எச் இரண்டும் ஒரு காலத்தில் உச்சரிக்கப்பட்ட ஒலியின் எழுத்து. நம் 'அஃது' என்பதில் வரும் ஆய்தம் அதற்கு மிக நெருக்கம். ஸ்காட்லாந்துப் பேச்சில் 'தாஃக்ட்' என்று அந்த ஒலி இன்னும் கேட்கிறது. இங்கிலாந்தில் கேக்ஸ்டன் அச்சகம் வைத்தது 1476இல். எழுத்துக்கூட்டல் அச்சில் நிலைபெறத் தொடங்கிய அந்தக் காலத்தில் ஒலி முழுக்கப் போயிருக்கவில்லை. பிறகு ஒலி தேய்ந்து மறைந்தது, எழுத்து அப்படியே நின்றுவிட்டது. கரும்பலகையில் 'தாட்' என்று எழுதி, நடுவில் உள்ள அந்த இரண்டு எழுத்துகளை ஆய்தமாக ஒருமுறை ஒலித்துக் காட்டுங்கள். அப்புறம் எழுத்துக்கூட்டலில் அவற்றை விட்டுவிட மாட்டார்கள்.

உங்கள் மாணவிக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

அன்புடன்.