கத்தியோடு வரும் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்

இந்தக் கேள்வி பதில் பத்தியில் போன முறை தேங்காய் துருவலை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, என் சேட்டுப் பையில் எப்போதும் ஒரு மடக்குக்கத்தி இருக்கும் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் திருகோணமலை டச்சு பே கடற்கரையில் குந்தியிருந்து, ஆளுக்கொரு கத்தியால் மாங்காய் வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னும் எங்கள் ஏழு பேரைத் தவிர இந்த ஊரில் வேறு யாருக்கும் இந்தப் பைத்தியம் இல்லை என்றுதான் இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன். இந்த முறை முழுக்கக் கத்திதான். ரைஸ் குக்கர், மின்விசிறிக்காரர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

கேள்வி: முதல் கத்தி வாங்கப் போகிறேன். ஒபினல் நல்லதா, சுவிஸ் கத்தி விக்டொரினொக்ஸ் நல்லதா? நண்பர்கள் இரண்டு கட்சியாக நின்று சண்டை பிடிக்கிறார்கள். (உப்புவெளி இளைஞர்)

பதில்: சண்டை பிடிக்கட்டும், அதற்குத்தானே நண்பர்கள். நீங்கள் எதை வெட்டப் போகிறீர்கள் என்று சொல்லவில்லையே! பழம், பாண், கயிறு என்றால் ஒபினல் 8ஆம் இலக்கம் போதும். எட்டரை சென்ரிமீற்றர் அலகு, பீச் மரப்பிடி, திருகினால் பூட்டிக்கொள்ளும் ஒரு வளையம். பிரான்சின் சவோய் மலைப்பக்கத்தில் ஜோசப் ஒபினல் 1890இல் தொடங்கியது. அந்த வளையம் 1955இல்தான் வந்தது. இந்தக் கத்தியில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று. மரப்பிடி ஈரத்தில் ஊதும். எங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் அலகு பிடிக்குள் இறுகி, நகத்தால் இழுத்தாலும் வராது. அப்போது வளையம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்கள் செய்வதும் அதுதான். கத்தரி, திருகாணி முடுக்கி எல்லாம் வேண்டுமென்றால் விக்டொரினொக்ஸ் எடுங்கள். எதை எடுத்தாலும் கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர் துருப்பிடிக்காத உருக்கையே கேட்டு வாங்குங்கள். ஒபினலில் அதற்கு ‘இனொக்ஸ்’ என்று அலகிலேயே எழுதியிருக்கும்.

கேள்வி: வாங்கி மூன்று வாரம். அலகு முழுக்கக் கறுத்துவிட்டது. தோணிக்குக் கொண்டுபோவேன், தேசிக்காயும் வெட்டினேன். பெட்டியில் ‘கார்பன்’ என்று இருக்கிறது. கடைக்காரர் பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டாரா? (கிண்ணியா)

பதில்: இல்லை, நானா. பெட்டியில் எழுதியிருந்ததை வாங்கிய பிறகு வாசித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கார்பன் உருக்கு தேசிக்காய், மாங்காய், வெங்காயம் பட்டால் சாம்பலாகி, நீலமாகிக் கறுக்கும். அது நோயில்லை. அந்தக் கறுப்பு ஓரளவுக்குத் துருவைத் தடுக்கவும் செய்யும். செம்மஞ்சளாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு. தோணியால் இறங்கியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, விரித்தபடியே காயவிட்டு, பொருத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் சிக்கு நாற்றம் வரும். மருந்துக்கடையில் லிக்விட் பரபின் என்று கேளுங்கள்.

கேள்வி: இரண்டு மாதத்தில் ஒன்பது கத்தி வாங்கினேன். நாலு கத்தியில் அலகைப் பிடித்து நிறுத்தும் வில்லு தளர்ந்துவிட்டது. பில் இல்லை. எந்தக் கடை என்றும் சரியாக நினைவில்லை. மாற்றித் தருவார்களா?

பதில்: யார்?

கேள்வி: சென்னையில் இருக்கும் மகனிடம் போகிறேன். பொக்கற்றில் வைத்து விமானத்தில் கொண்டு போகலாமா?

பதில்: கட்டுநாயக்க வரைக்கும் கொண்டு போகலாம். அதற்கு அப்பால் அது உங்களோடு வராது. சூட்கேசுக்குள் வைத்து ஏற்றும் பொதியில் போடுங்கள்.

கேள்வி: டமஸ்கஸ் உருக்குக் கத்தி ஒன்று ரூ. 3,500க்கு வருகிறது. அலகு முழுக்க அலை அலையாகக் கோடுகள். ‘ஜேர்மன் ஸ்டீல்’ என்றும் அடித்திருக்கிறது. நல்ல மலிவு, வாங்கலாமா? (பாலையூற்று)

பதில்: டமஸ்கஸ் சிரியாவில், ஸ்டீல் ஜேர்மனியில். ஒரு கத்தியில் இரண்டு நாடு. மூன்றாவது நாட்டில் செய்திருப்பார்கள்.

தம்பி, இந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இன்று டமஸ்கஸ் என்று விற்பதில் நல்லது, இரண்டு வகை உருக்கை அடுக்கிக் காய்ச்சி அடித்து, மடித்து, பிறகு அமிலத்தில் முக்கி எடுப்பது. ஒரு வகை கறுக்கும், மற்றது வெளுப்பாக நிற்கும், கோடு தெரியும். அதைச் செய்ய ஆளும் வேண்டும், நேரமும் வேண்டும். மலிவானதில் சாதாரணத் தகட்டின் மேல் லேசரால் கோடு வரைந்திருப்பார்கள். கண்டுபிடிக்கக் கத்தியின் முதுகைப் பாருங்கள். உண்மையானதென்றால் ஒரு பக்கக் கோடு முதுகைத் தாண்டி மற்றப் பக்கத்துக்குப் போகும். முதுகு மொட்டையாக இருந்தால் அது வெறும் படம்.

எனக்கு இது எப்படித் தெரியும்? நானும் ஒன்று வாங்கினேன். கொழும்பில் நடைபாதையில், பேரம் பேசி வென்றுவிட்ட பெருமையோடு. வீட்டுக்காரி அதால் பாரை மீன் வெட்டி, பொச்சும் சாம்பலும் போட்டு நாலு நாள் தேய்த்தா. ஐந்தாம் நாள், “இஞ்ச பாருங்கோ, உங்கட கத்தியில இருந்த கோலம் அழிஞ்சு போச்சு” என்றா. இன்றைக்கும் எங்கள் வீட்டில் எது பழுதானாலும் அது கோலம் அழிந்துவிட்டதுதான்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் காலத்தில் டமஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடியதற்கு மூல உருக்கு தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போயிருக்கிறது. பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவப் பக்கம், மலைச் சரிவில் தென்மேல் பருவக் காற்றைத் துருத்தியாக வைத்தே இரும்பு உருக்கியிருக்கிறார்கள், ஆயிரம் வருடத்துக்கு முன்னால். 1996இல் அது ஆராய்ச்சிக் கட்டுரையாகவும் வந்தது. அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு, வரைந்த கோட்டுக்கு நாங்கள் காசு கொடுக்கிறோம்.

‘ஜேர்மன் ஸ்டீல்’ என்பதும் ஒன்றையும் சொல்லாத ஒரு சொல். ‘சொலிங்கன்’ என்ற பெயர் வேறு, அந்த ஊரில் செய்ததற்குத்தான் போடலாம் என்று 1938 முதல் ஜேர்மனியில் சட்டம் இருக்கிறது. எங்கள் சந்தைக்கு வரும் போலிகளுக்கு அந்தச் சட்டம் தெரியாது என்பது வேறு விடயம். ‘லகியோல்’ என்று தேனீ பொறித்துக் கொண்டு வருவார்கள். லகியோல் என்பது பிரான்சில் ஒரு கிராமம், ஒரு தனிக் கொம்பனியின் பெயரில்லை, எங்கேயோ செய்த கத்திகளிலும் அந்தப் பெயர் ஏறியிருக்கிறது. நாட்டின் பெயரை விட்டுவிட்டுச் செய்தவரின் பெயரைத் தேடுங்கள், அலகில் பிடிக்குப் பக்கத்தில் இருக்கும். செய்தவர் தன் பெயரைப் போடாத கத்திக்கு நீங்கள் ஏன் பெருமைப்பட வேண்டும்?

வாங்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம்.

கேள்வி: 1942 ஏப்ரல் 9, ஜப்பான்காரன் குண்டு போட்டபோது மூழ்கிய ‘சகாயிங்’ கப்பலுக்குள் எடுத்த கத்தி என்கிறார். அலகு மினுங்குகிறது, மரப்பிடியில் ஒரு கீறல் இல்லை. ரூ. 18,000. நாளைக்குள் முடிவு சொல்லவேண்டுமாம்.

பதில்: சகாயிங் அன்று மூழ்கவில்லை. தீப்பிடித்துச் சேதமானது, அடுத்த வருடம்தான் இறங்குதுறையாகப் பாவிக்க மூழ்கடித்தார்கள். 2018இல் எங்கள் கடற்படை தூக்கியபோது அது 75 வருடம் கடலுக்குள் கிடந்த இரும்பு. உங்கள் கத்தி மட்டும் குளித்துத் தலைசீவி வந்திருக்கிறது. நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே முடிவைச் சொல்லிவிடுங்கள்.

உண்மையான பிரித்தானியப் படைக் கத்திகள் இந்த ஊர் வீடுகளில் இல்லாமலில்லை. 1957 வரை அவர்களின் கடற்படைத் தளம் இங்கே இருந்ததே, டொக்யாட்டில் வேலை செய்த தாத்தாமாரின் பெட்டிகளில் கிடக்கும். யுத்த காலத்தது என்றால் பெரும்பாலும் சொரசொரப்பான கறுப்புப் பிடி, நுனி மழுங்கிய ஒரு அகல அலகு, தகரம் திறக்க ஒன்று, கயிற்று முடிச்சுக் கிளப்பத் தடித்த ஊசி ஒன்று, தொங்கவிட வளையம், எங்காவது ஓர் அம்புக்குறி. அழகாக இருக்காது. அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள். (நான் வாங்கிய ‘நேவிக் கத்தி’யும் அழகாகத்தான் இருந்தது. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.)

கேள்வி: கூட்டாளி ஒருவன் என் கத்தியை வாங்கி, பெயின்ற் டின் மூடியைக் கிளப்பி, நுனியை உடைத்துவிட்டான். சிரிக்கிறான். காசு கேட்கலாமா, கேட்டால் கூட்டு முறியுமா? (அன்புவழிபுரம்)

பதில்: கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னால் கத்தியைக் காப்பாற்றுங்கள். உடைந்தது இரண்டு மூன்று மில்லிமீற்றர் என்றால், முதுகுப் பக்கத்தைத் தேய்த்துக் கீழே இறக்கி வாயோடு சேர்த்தால் புது நுனி வந்துவிடும். வாய்ப் பக்கத்தைத் தேய்க்கக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் கல்லில் தேய்ப்பவரிடம் கொடுங்கள். பொறி பறக்கும் மெசினில் வைத்தால் உருக்கு சூடேறி நீலம் பாயும், பிறகு அந்த இடத்தில் கூர் நிற்காது. கூலியை அவன் கொடுக்கட்டும், பக்கத்தில் நின்று பார்க்கவும் வையுங்கள். ஒரு மணித்தியாலம் நின்றால் சிரிப்பு அடங்கும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரிடமும் இரண்டு கத்தி இருக்கும். ஒன்று சொந்தப் பாவனைக்கு, மற்றது “ஒருக்கா குடு மச்சான்” என்பவனுக்கு. இந்த இரண்டாவது கத்தி வந்ததே நான் ஒருத்தனின் கத்தியால் திருகாணி கழற்றப் போனதால்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வேறு ஒரு மலிவுக் கத்தியை என் முன்னால் வைத்து, “இது உனக்கு” என்றான்.

கேள்வி: எங்கள் ஊர்க் கம்மாலையில் மடக்குக்கத்தி செய்விக்கலாமா?

பதில்: கொடுவாக்கத்தி, மன்னாக்கத்தி என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வியுங்கள். லொறி வில்லுத் தகட்டில் அடித்த கத்திக்கு ஈடில்லை. மடக்குவதென்றால் முதுகு வில்லுதான் சிக்கல், அது வேறு கைவேலை. வில்லே இல்லாத ஜப்பானிய ஹிகோனோகாமி மாதிரி, பின்னால் ஒரு சிறு வாலைப் பெருவிரலால் அழுத்திப் பிடிக்கும் வகையைக் கேட்டுப் பாருங்கள். காட்போட்டில் வெட்டிய மாதிரியைக் கையில் கொடுங்கள். முற்பணம் பாதிக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. சின்ன வயதில் அவரிடம் ஒரு சுவிஸ் கத்தி இருந்ததாம், இடம்பெயர்ந்தபோது தொலைந்தது. ஒன்லைனில் பார்த்து ரூ. 9,800 முன்னதாகவே வங்கியில் போட்டேன். வந்தது போலி. கத்தரி வெட்டாது, பிடியில் உள்ள சிலுவைச் சின்னம் கோணலாக இருக்கிறது. விற்றவர் என்னைப் புளொக் செய்துவிட்டார். அப்பாவுக்குச் சொல்லவில்லை. அவர் அதைச் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டு ஊரெல்லாம் காட்டுகிறார். என் மடத்தனம்தான்… (மூதூர் ஆசிரியை)

பதில்: உங்கள் மடத்தனம் இல்லை, தங்கச்சி. களவு எடுத்தவர் இருக்க, எடுபட்டவர் ஏன் தலைகுனிய வேண்டும்? மேலே சிலரை ஏசியிருக்கிறேன். அவர்கள் பெட்டியை வாசிக்காதவர்கள். நீங்கள் படத்தைப் பார்த்து, பெயரைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். பொய் சொன்னது படம்.

செய்ய வேண்டியது: விளம்பரம், வட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அவர் அழிக்க முன் ஸ்கிரீன் ஷொட் எடுங்கள். வங்கிச் சிட்டை, பார்சல் உறை, பெட்டி எதையும் எறியாதீர்கள். வங்கிக்கு இன்றைக்கே அறிவியுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு போடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் போடவேண்டும். 1977க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். ஆள் பெயரும் கணக்கிலக்கமும் உங்களிடம் இருப்பதால் பொலிசிலும் ஒரு முறைப்பாடு. காசு கட்டாயம் திரும்பும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள். போலியில் வில்லு பலமில்லாமல் இருந்தால், வெட்டும்போது அலகு மடங்கி விரலில் விழும். அப்பாவிடமிருந்து அதை எப்படியாவது வாங்கி வையுங்கள்.

உங்கள் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை டச்சு பேயில் வாசித்துக் காட்டினேன். மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். எங்களில் ஒருவன், பெயர் சொல்லக்கூடாது என்றான், பொக்கற்றிலிருந்து தன்னுடையதை எடுத்துத் துடைத்து நடுவில் வைத்தான். சிவப்புப் பிடி, ஒரு மூலை தேய்ந்திருக்கிறது, பல் குத்தும் குச்சி இல்லை, ஆனால் அலகின் அடியில் பெயர் சரியாக இருக்கிறது, கத்தரி நூலையும் வெட்டும். அது உங்கள் அப்பாவுக்கு. எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.

கேள்வி: கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு வெட்டுப்படும் என்கிறாரே மாமியார், உண்மையா?

பதில்: எங்கள் வீடுகளில் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள், கீழே வைத்தால்தான் எடுப்பார்கள். ஐரோப்பாவிலும் இதே பயம் உண்டு. அங்கே வாங்குபவர் ஒரு சில்லறைக் காசைக் கொடுத்துவிட்டால் அது பரிசில்லை, வியாபாரம். மாமியாருக்கும் திருப்தி. மூதூர் ஆசிரியையும் இதைக் கவனிக்க வேண்டும். வரும்போது அப்பாவை ஓர் ஐந்து ரூபாக் குத்தி எடுத்துவரச் சொல்லுங்கள், பில் நான் எழுதித் தருகிறேன்.