திரும்பி வராத சல்யூட்

அன்புள்ள ஐயா,

அன்னூர் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. இருபது ஆண்டு ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தேன். வந்து ஓராண்டு ஆகிறது, வயது 40. இப்போது பல்லடம் சாலையில் ஒரு நூற்பாலையில் செக்யூரிட்டி. என்னோடு இருந்த நண்பர் டி.எஸ்.சி.யில் (ராணுவத் தளங்களைக் காக்கும் டிஃபென்ஸ் செக்யூரிட்டி கார்ப்ஸ்) மறுபடியும் சேர்ந்துவிட்டார், என்னையும் கூப்பிடுகிறார். அனுபவமுள்ளவர்கள் நாட்டுக்குத் தேவைப்படுகிறார்கள். ஆனால் நம் பக்கத்து முன்னாள் வீரர்கள் தயங்குகிறார்கள். உங்களைப் போன்றவர்கள் ஊக்கப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினால் பலர் முன்வருவார்கள். இன்னொரு சந்தேகம்: ஹவில்தாராக இருந்தவன் மறுபடியும் சிப்பாயாகப் போய் நிற்பது கௌரவக் குறைவா? டி.ஏ. (டெரிட்டோரியல் ஆர்மி) பற்றியும், அக்னிபத் என்கிற நான்கு ஆண்டுத் திட்டம் பற்றியும் உங்கள் கருத்தை எழுதுங்கள். என் மனைவிக்கு இதில் விருப்பமில்லை.

கே., அன்னூர்

அன்புள்ள கே.,

ஊக்கக் கட்டுரை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுடையதையும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் அது வந்த அன்று காலையில்தான் திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்திருந்தேன். மண்டப வாசலில் அறுபது வயதை ஒட்டிய ஒருவர் நின்றிருந்தார், காக்கிச் சட்டையில் பழைய ரிப்பன் பட்டையோடு. என்னைப் பார்த்ததும் குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்து ஒரு சல்யூட் அடித்தார். நான் வாடகைக் காரிலிருந்து இறங்கியவன், கையில் மொய்க் கவர். என்ன செய்வதென்று தெரியாமல் கவர் பிடித்த கையையே கொஞ்சம் உயர்த்தினேன். வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர் மாதிரி இருந்தது. பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்த பிறகும் அந்தக் கை உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம்.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடுகிறேன். ஊக்கப்படுத்தி எழுத மாட்டேன். என் மகன் பெங்களூரில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். தன் வீட்டுப் பிள்ளையை நிழலில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பிள்ளையைப் படைக்குப் போ என்று எழுதும் பேனாவின் மேல் எனக்கு மரியாதை கிடையாது. நான்கு ஆண்டுத் திட்டம் பற்றி 2022 முதல் எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள், என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. டி.ஏ. என்கிற பிராந்திய ராணுவம் வேறு சங்கதி. சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1949 அக்டோபரில் தொடங்கி வைத்தது. சொந்தமாக ஒரு பிழைப்பு இருப்பவர்கள் ஆண்டில் கொஞ்ச நாள் போய் வருவதற்கானது. கோவையிலேயே அதன் 110ஆவது பட்டாலியன் இருக்கிறது, போய் விசாரியுங்கள்.

ஆனால் அதே பிராந்திய ராணுவத்தில் ஒரு பிரிவு எனக்குப் பிடித்தமானது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முசூரி மலையைச் சுண்ணாம்புக்கல் குவாரிகள் மொட்டையடித்துவிட்ட காலம். 1982இல் அந்தப் பக்கத்து முன்னாள் படைவீரர்களையே மறுபடியும் சேர்த்து, கையில் கடப்பாரையும் நாற்றும் கொடுத்து மலையேற்றினார்கள். மரம் நடுவதற்கென்றே ஒரு பட்டாலியன். எல்லை காத்தவன் தன் ஊர் மலையைக் காத்தான், அந்த மலை மறுபடியும் பச்சையானது. நொய்யல் ஆற்றின் இன்றைய கோலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டாலியன் ஞாபகம்தான் வரும். அப்படி ஒன்றுக்கு நம் ஊரில் ஆள் எடுத்தால், ஊக்கக் கட்டுரை எழுதுவதில்லை என்கிற என் விரதத்தை நானே முறித்துக்கொள்வேன்.

இனி கௌரவம். டி.எஸ்.சி. என்றாலே நம் ஊரில் ‘வாட்ச்மேன் பட்டாளம்’ என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். 1947 பிப்ரவரியில் தொடங்கிய படை அது, அதன் பயிற்சி மையம் கண்ணூரில் இருக்கிறது. உங்களைப் போல் ஒரு தடவை பணி முடித்து வந்தவர்களை எடுத்து விமானப்படைத் தளங்களுக்கும் வெடிமருந்துக் கிடங்குகளுக்கும் காவல் வைக்கிறது. 2016 ஜனவரியில் பஞ்சாபின் பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் பயங்கரவாதிகள் நுழைந்தபோது இந்த வாட்ச்மேன் பட்டாளம்தான் ஐந்து பேரைப் பறிகொடுத்தது. ஜகதீஷ் சந்த் என்பவர் கையில் ஆயுதமே இல்லாமல் ஒருவனைத் துரத்திப் பிடித்து, அவன் துப்பாக்கியாலேயே அவனைச் சுட்டுவிட்டு, மற்றவர்களின் குண்டுக்கு இரையானார். கீர்த்தி சக்ரா என்கிற வீர விருது கொடுத்தார்கள். ஃபதே சிங் என்று இன்னொருவர், 1995 காமன்வெல்த் துப்பாக்கி சுடும் போட்டியில் தங்கம் வாங்கியவர். முதல் ஓய்வுக்குப் பிறகு அவரும் அங்கே போய் நின்றவர்தான். அவர்களுக்குக் குறையாத கௌரவம் உங்களுக்கு மட்டும் எப்படிக் குறைந்துவிடும்? ஹவில்தாரின் மூன்று பட்டையைக் கழற்றிவிட்டு வெறும் தோளோடு நிற்பது முதல் மாதம் கடிக்கும். புதுச் செருப்பும்தான் கடிக்கிறது.

உண்மையில் கௌரவம் எங்கே போகிறது என்று நீங்கள் தப்பான வாசலில் தேடுகிறீர்கள். இப்போது நிற்கிறீர்களே, அந்த மில் வாசலில் தேடுங்கள். விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள்: ‘செக்யூரிட்டி தேவை, முன்னாள் ராணுவத்தினருக்கு முன்னுரிமை.’ எதற்கு முன்னுரிமை? உங்களில் ஒருவருக்கு ஒயர்லெஸ் செட்டைப் பிரித்துப் பூட்டத் தெரியும், ஒருவருக்கு ஆற்றின் மேல் இரவோடு இரவாகப் பாலம் போடத் தெரியும், ஒருவர் பனிமலையில் நூறு பேருக்கு மூன்று வேளை சோறு போட்டவர். இதில் எதையாவது அந்த மில்லில் உங்களிடம் கேட்டார்களா? நோட்டில் வண்டி நம்பர் எழுதச் சொன்னார்கள். அதற்குப் பத்தாவது படித்த பையன் போதும், சம்பளமும் குறைவு. அப்படியும் நம் முதலாளி உங்களைத்தான் கேட்கிறார். ஐந்து காசை எண்ணிப் பார்த்துச் செலவு செய்யும் கொங்கு முதலாளி ஒன்றுக்குக் கூடக் கொடுக்கிறார் என்றால், ஏதோ ஒன்றை வாங்குகிறார் என்று அர்த்தம். அவர் வாங்குவது உங்கள் சல்யூட்டை.

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்ல வரவில்லை, மில் முதலாளிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். படையில் சல்யூட் ஆளுக்கு அடிப்பதில்லை, அவர் தோளில் இருக்கும் கமிஷனுக்கு, அதாவது குடியரசுத் தலைவர் கொடுத்த அதிகாரிப் பதவிக்கு அடிப்பது. அடித்தால் அதிகாரி திருப்பி அடித்தாக வேண்டும். அவர் ஜெனரலாக இருந்தாலும் சிப்பாய் அடித்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. தரைப்படையில் உள்ளங்கை எதிரே இருப்பவருக்குத் தெரிய வேண்டும். கடற்படையில் கை கீழே பார்க்கும். விமானப்படைக்காரர்கள் 2006இல் மாற்றி, 45 டிகிரி சாய்வில் வைத்துக்கொண்டார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அதற்குள் இத்தனை ஒழுங்கு இருக்கிறது. இந்த ஒழுங்கையெல்லாம் இருபது ஆண்டு கற்று வந்தவர், கறுப்புக் கண்ணாடி ஏற்றிய ஒரு காருக்கு அடிக்கிறார். கண்ணாடி இறங்குவதில்லை. உள்ளே இருப்பவர் தொலைபேசியில் பஞ்சு விலை பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை! சம்பளம் கொடுக்கிறோமே என்பார்கள். வேலைக்குச் சம்பளம் கொடுங்கள், சல்யூட்டைக் கேட்காதீர்கள். உங்கள் தாத்தா கொழு முனையில் உழுது பிழைத்தவர்தானே, அவருக்கு எந்தப் பட்டாளத்தான் சல்யூட் அடித்தான்?

கோபம் கூடிவிட்டது. காரணம் இருக்கிறது.

என் சின்ன மாமன், அம்மாவின் கடைசித் தம்பி, ராணுவத்தின் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். காங்கேயத்துக்குத் தெற்கே, கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் முளைத்துக் கிடக்கும் மேட்டுக்காடு அவர்களுடையது. ஏழாண்டுப் பணி முடிந்து ரிசர்வுக்கு வந்து, காட்டில் கடலை போட்டிருந்தார். எனக்குப் பத்து வயது. விடுமுறைக்குப் போனால் அவருக்குச் சல்யூட் அடிப்பதுதான் எனக்கு விளையாட்டு. நான் அடித்ததும் மாமன் மண்வெட்டியை வரப்பில் சாத்துவார். தோளில் கிடக்கும் துண்டை உதறித் தலையில் உருமால் கட்டுவார். முடிச்சு சரியாக விழுந்ததா என்று தடவிப் பார்ப்பார். அப்புறம்தான் நிமிர்ந்து, உள்ளங்கை எனக்குத் தெரிகிற மாதிரி, பதில் சல்யூட் அடிப்பார். வெறுந்தலையோடு சல்யூட் கிடையாது என்பது விதி. ஒரே முற்பகலில் ஐந்து தடவை அடித்தாலும் ஐந்து தடவையும் உருமால் கட்டினார். “வேலையைப் பாருடா, குழந்தையோடு என்ன கூத்து?” என்று அப்புச்சி, அம்மாவின் அப்பா, திட்டுவார். மாமன் சிரிக்கவே மாட்டார்.

1971இல் தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் அவருக்கு ஒரு சர்க்கார் தபால் வந்தது. ரிசர்வில் இருப்பவர்கள் திரும்பி வர வேண்டும் என்று உத்தரவு. நீங்கள் கேட்கிறீர்களே ஊக்கம், அன்றைக்கு அதெல்லாம் கிடையாது, தபால் வந்தால் போக வேண்டும், அவ்வளவுதான். கடலைக்கொடி பிடுங்க ஆள் சொல்லியிருந்த வாரம். அம்மிச்சி திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “கொடுத்ததை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார்கள், இப்போது மறுபடியும் கைமாற்றுக் கேட்கிறார்களே” என்றாள். மாமன் வெள்ளைப் பெயின்டில் நம்பர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியோடு ஈரோட்டுக்குப் பஸ் ஏறினார்.

டிசம்பர் போரில் அவர் மேற்கு எல்லையில் இருந்தார். டாங்கிகள் போவதற்குக் கண்ணிவெடி நிலத்தில் தடம் திறந்துவிடும் வேலை. திரும்பி வந்தபோது இடது கணுக்காலில் ஒரு தழும்பு இருந்தது. போரைப் பற்றி எனக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னார், அதுவும் கடலை ஆயும்போது. ஈர மண்ணுக்குள் விரலை விட்டு, கொடியில் அறுந்து தங்கிவிட்ட காயைத் தேடிக்கொண்டிருந்தார். “இப்படித்தான் தடவ வேண்டும். ஆனால் அவசரப்படக் கூடாது” என்றார்.

பிறகு மழை பொய்த்தது, கிணறு வறண்டது, பங்கு பிரித்தார்கள். எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான்.

1984. நான் கோவையில் ஓர் ஆடிட்டரிடம் உதவியாளனாக இருந்தேன். ஒரு மில்லுக்குக் கணக்குப் பார்க்கப் போக வேண்டும், முதலாளி தன் அம்பாசிடரையே அனுப்பியிருந்தார். பின்சீட்டில் நான் மட்டும்தான், மடியில் இரண்டு பேரேடு. மில் கதவு திறந்தது. திறந்தவர் ஒதுங்கி நின்று சல்யூட் அடித்தார். மாமன். தலையில் தொப்பி, விதிப்படி. உள்ளங்கை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முதலாளி காருக்குள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நான் குனிந்து பேரேட்டைப் பார்த்தேன். மாலையில் திரும்பும்போதும் அவர்தான் கதவைத் திறந்தார். அப்போதும் பேரேட்டைத்தான் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் பஞ்சுக் கொள்முதல் கணக்கு இருந்தது, இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு பதினான்கு ஆண்டு மாமன் இருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் பேசியிருக்கிறோம், மாட்டைப் பற்றி, பங்காளி வழக்கைப் பற்றி, என் கல்யாணத்தைப் பற்றி. அந்த மில்லைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

உங்கள் கேள்வியை எங்கேயோ விட்டுவிட்டு வந்துவிட்டேன், மன்னியுங்கள். போகலாமா கூடாதா என்றால், போக மனமிருந்தால் போங்கள். அங்கே நீங்கள் அடிக்கிற சல்யூட் திரும்பி வரும், என்னால் சொல்ல முடிவது அது ஒன்றுதான். ஆனால் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிட்டுப் போங்கள். முதல் பென்ஷனைத் தனியாக வைத்துக்கொண்டு இரண்டாவது பென்ஷனும் வேண்டுமானால், டி.எஸ்.சி.யில் தனியாக 15 ஆண்டு ஆக வேண்டும். சில மாதம் குறைந்துபோய்த் தீர்ப்பாயப் படியேறியவர்கள் இருக்கிறார்கள். ஆண்டு, மாதம், நாள் என்று எண்ணுங்கள். அவிநாசிக்குப் பக்கத்தில் போஸ்டிங் கிடைக்கும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நான்கு பக்கக் கடிதத்தில் (இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்) உங்கள் நண்பருக்கு ஒரு பக்கம், நாட்டுக்கு ஒன்றரைப் பக்கம், ஹவில்தார் பட்டைக்கு அரைப் பக்கம். மனைவிக்கு ஒரே வரி, அதுவும் கையெழுத்துக்கு மேலே. இருபது ஆண்டு அந்த அம்மா தனியாக நின்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார், உங்கள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார், இரவில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார். எந்தப் படையும் அவருக்கு டிஸ்சார்ஜ் புத்தகம் கொடுக்கவில்லை. விருப்பமில்லை என்று எழுதிவிட்டீர்கள், ஏன் என்று கேட்டீர்களா?

அடுத்த கடிதத்தை அவரை எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்.