டிஸ்னியில் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: கோடை விடுமுறையில் அமெரிக்கா போகிறோம். நான், கணவர், ஏழு வயது மகள், மாமியார் என நாலு பேர். ஆர்லாண்டோவில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் ஹோட்டலிலேயே நாலு இரவு தங்கப்போகிறோம். அறையோடு சேர்த்து ‘டைனிங் பிளான்’ எடுத்துவிட்டால் அங்கே சாப்பாட்டுக் கவலையே இருக்காது, பணமும் மிச்சம் என்கிறார் எங்கள் டிராவல்ஸ்காரர். நாங்கள் சைவம். மாமியார் ஒரு வேளைதான் ஒழுங்காகச் சாப்பிடுவார். எடுக்கலாமா?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். காரணம், உங்கள் மாமியார். கணக்கைப் பார்த்தால் புரிந்துவிடும்.

கொரோனா சமயத்தில் நிறுத்தி வைத்திருந்த இந்தத் திட்டத்தை 2024 ஜனவரியில் மறுபடி கொண்டுவந்தார்கள். இரண்டு வகை உண்டு. கவுன்டரில் நாமே வாங்கிச் சாப்பிடும் ‘க்விக் சர்வீஸ்’ திட்டத்தில், தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஆளுக்கு இரண்டு சாப்பாடு, ஒரு நொறுக்குத்தீனி. இன்னொன்றில் ஒரு வேளை கவுன்டர் சாப்பாடு, ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடும் ‘டேபிள் சர்வீஸ்’, ஒரு நொறுக்குத்தீனி. இரண்டிலும் ஹோட்டலில் நிரப்பிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் மக் தருவார்கள். 2025-ல் பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு முதல் திட்டம் 60 டாலர் சொச்சம், இரண்டாவது 98 டாலர் சொச்சம். பத்து வயது ஆனாலே பெரியவர் கணக்குதான். 2026-ஆம் ஆண்டுப் பயணங்களுக்கு, பெரியவர்கள் பிளானுடன் பேக்கேஜ் எடுத்தால் 3 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு இலவசம் என்று அறிவித்தார்கள். உங்கள் மகள் அதற்குள் வருகிறாள். அதனால் உங்களுக்குச் சாதகமாக, அவள் பங்கை இலவசம் என்றே வைத்துக்கொள்வோம். புக் செய்யும் நாளில் உள்ள விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் திட்டத்தையே எடுப்போம். பிளான் இல்லாமல் கவுன்டரில் ஒரு சைவ பர்கரோ, சாதத்தோடு வரும் ஒரு கிண்ணமோ ஏறத்தாழ 15 டாலர், கூல் டிரிங்க் 5 டாலர். இரண்டு வேளைக்கு 40. நொறுக்குத்தீனி 6. அங்கே மெனுவில் போட்டிருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது, அந்த 6.5 சதவீத விற்பனை வரியையும் சேர்த்தால் மொத்தம் 49 டாலர். பிளான் விலையில் வரி அடக்கம் என்பதால் 60-ஐயும் 49-ஐயும் நேராக ஒப்பிடலாம். உங்களுக்கும் கணவருக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 11 டாலருக்கு மேல் நஷ்டம். நாலு இரவுக்கு இருவருக்குமாக 90 டாலர். மகளுக்குக் கையிலிருந்து காசு கொடுத்து வாங்கினால் அதே நாலு நாளைக்கு ஏறத்தாழ 100 டாலர் ஆகும், அது மிச்சம். ஆக மூன்று பேர் வரை கணக்கு ஏறக்குறைய சரிக்குச் சரி.

இப்போது மாமியார். ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு காபி, கொஞ்சம் பழம் என்று 28 டாலரில் அவர் நாள் முடிந்துவிடும். பிளானில் அவருக்கும் 60. நாலு இரவில் 130 டாலர் காற்றோடு போகிறது. “அவரை மட்டும் விட்டுவிட்டு எங்களுக்கு எடுக்கிறோம்” என்று சொல்லவும் முடியாது. ஒரே புக்கிங்கில் உள்ள மூன்று வயது நிரம்பிய எல்லோரும், தங்கும் எல்லா இரவுகளுக்கும் எடுத்தாக வேண்டும். இந்த ஒரு நிபந்தனையில்தான் நம் ஊர்க் குடும்பங்களின் கணக்கு உதைக்கிறது. நாம் மாமியார், அப்பா, சித்தி என்று பெரியவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்கள். திருவல்லிக்கேணி மெஸ்ஸில் மாதச் சாப்பாட்டுக்குக் கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்குப் போகிற மேன்ஷன்வாசி மாதிரி, சாப்பிடாத வேளைக்கும் காசு போகும்.

கூல் டிரிங்க் விஷயமும் இருக்கிறது. மேலே உள்ள கணக்கில் ஒவ்வொரு வேளைக்கும் 5 டாலர் பானம் சேர்த்திருக்கிறேன். ஆனால் டிஸ்னி கவுன்டர்களில் கேட்டால் ஐஸ் போட்ட குடிதண்ணீர் கப்பில் இலவசமாகவே தருவார்கள். ஃப்ளோரிடா வெயிலில் நீங்கள் தண்ணீர்தான் கேட்கப்போகிறீர்கள். பெரியவர்கள் மூவரின் பானத்தையும் கழித்தால் இன்னும் 100 டாலர் வித்தியாசம் வரும். எல்லாம் சேர்ந்து, டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20,000 ரூபாய் அளவுக்கு நஷ்டம். அந்த மக்கையும் பெரிதாக எண்ண வேண்டாம். அதில் ஒரு சிப் இருக்கும். ஹோட்டலில் உள்ள மெஷினில்தான் வேலை செய்யும், பூங்காவுக்குள் நிரப்ப முடியாது. காலையில் அறையிலிருந்து கிளம்பினால் இரவுதான் திரும்புவீர்கள்.

சரி, 98 டாலர் திட்டம்? மிக்கி மவுஸ் வேஷம் போட்டவர்கள் மேஜைக்கு மேஜை வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் பஃபே உண்டு. ‘ஷெஃப் மிக்கீஸ்’ அதில் பிரபலம். பெரியவருக்கு 60 டாலரைத் தாண்டும். தினமும் அப்படி ஓரிடத்தில் சாப்பிட்டால் போட்ட பணம் ஏறக்குறைய வந்துவிடும். தினமும் யார் போவது? சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் உள்ள உணவகத்துக்கு ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு வேளைக் கிரெடிட் (பிளானில் நம் கணக்கில் இருக்கும் சாப்பாட்டு எண்ணிக்கை) கழியும். இந்த இடங்களுக்கெல்லாம் 60 நாளுக்கு முன்பே மேஜை பிடித்து வைக்க வேண்டும். பிளான் வாங்கியதால் மேஜை கிடைத்துவிடாது. இது தெரியாமல் 98 டாலர் கட்டிவிட்டு, உட்கார இடம் கிடைக்காமல் கவுன்டரிலேயே சாப்பிட்டு வருகிறவர்கள் உண்டு. டிப்ஸும் பிளானில் வராது. மெனு விலையில் 18 முதல் 20 சதவீதம் தனியாக உங்கள் கையிலிருந்து. நாலு பேர் உட்கார்ந்து எழுந்தால் டிப்ஸே 40 டாலருக்குப் போய் நிற்கும். நம் ஊரில் பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டால் சண்டை போடலாம். அங்கே டிப்ஸ் வைக்காமல் எழுந்தால் அது அநாகரிகம்.

சைவக்காரர்களுக்கு இன்னொரு இழப்பு. ‘அனிமல் கிங்டம் லாட்ஜ்’ ஹோட்டலில் ‘சனா’ என்று ஓர் உணவகம் இருக்கிறது. ‘நான்’ ரொட்டி வகைகளும் ஒரு வரிசைச் சட்னிகளும் கொண்ட ஒரு தட்டுதான் அங்கே பேர் வாங்கியது. ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். உங்கள் மாமியாருக்கு அந்த ஊரிலேயே அதுதான் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஆனால் அது ஸ்டார்ட்டர் வகை. பிளானில் மெயின் கோர்ஸ், டெசர்ட், ஒரு பானம்தான் அடக்கம். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் அந்த ஒரு தட்டை வாங்கி நாலு பேராகப் பங்கிட்டு எழுந்துவிடலாம். சாதம் வேண்டுமென்றால் அனிமல் கிங்டம் பூங்காவுக்குள் ‘சதுலி கான்டீன்’; காரமான வறுத்த டோஃபு வைத்த கிண்ணத்தைச் சாதத்தோடு கேளுங்கள். மெனுவில் பச்சை இலைக் குறி போட்டவற்றில் இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டை, தேனும் இருக்காது. அதனால் சீஸ் பீட்சா போல நாம் சாப்பிடக்கூடிய பலவற்றுக்கு அந்தக் குறி இருக்காது. இலையை மட்டும் தேடிப் பட்டினி கிடக்க வேண்டாம்.

பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகவும் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடாக்கித் தரச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அறையில் வெந்நீர் ஊற்றிக் கலந்த உப்புமாவோ, அங்குள்ள கடையில் தயிர் வாங்கிப் பிசைந்த சாதமோ டப்பாவில் போகலாம். கறிவேப்பிலை, பழம் என்று ஊரிலிருந்து பச்சையாக எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அமெரிக்க விமான நிலையத்திலேயே வாங்கிவிடுவார்கள்.

யாருக்கு இது கட்டுபடியாகும் என்றும் சொல்லிவிடுகிறேன். நன்றாக அசைவம் சாப்பிடுகிற கணவன் மனைவி, இலவசம் நடைமுறையில் இருக்கும்போது ஒன்பது வயது வரை உள்ள இரண்டு பிள்ளைகள், சாப்பாட்டோடு பீரோ வைனோ எடுப்பவர்கள் (21 வயதானால் வேளைக்கு ஒன்று பிளானிலேயே வரும்) என்றால் லாபம்தான். அவர்களும் காலை டிபனுக்குக் கிரெடிட்டைச் செலவழிக்காமல் மதியத்துக்கும் இரவுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். மீதமானது ஹோட்டலைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு போய்விடும். பணமாகத் திரும்ப வராது. கடைசி நாளில் ஹோட்டல் கடையில் கை நிறைய சிப்ஸும் பிஸ்கட்டும் அள்ளுகிறவர்களைப் பார்த்தால், மிஞ்சிய கிரெடிட்டைத் தீர்க்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

வருடத்தில் சில மாதங்களுக்கு மட்டும் ‘டைனிங் பிளான் இலவசம்’ என்று சலுகை வரும். அதை எடுத்தால் அறை வாடகையில் உள்ள தள்ளுபடி கிடைக்காது. இரண்டுக்கும் மொத்த விலை வாங்கிப் பாருங்கள். டிராவல்ஸ்காரர் வழியாக வெளிநாட்டு டூர் பேக்கேஜாக எடுத்தால் டி.சி.எஸ். என்று வருமான வரியை விலையோடு சேர்த்து முன்கூட்டியே பிடிப்பார்கள். சாப்பாடும் பேக்கேஜுக்குள் போனால் அந்தத் தொகைக்கும் சேர்த்துப் பிடிப்பு. வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும்.

கேள்வி: சிங்கப்பூர் டூரில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் டிக்கெட்டுடன் மீல் வவுச்சர், தினமும் இந்தியன் டின்னர் எல்லாம் சேர்த்துத்தான் பேக்கேஜ் என்கிறார்கள். நல்லதுதானே?
– வாசகர், பெரம்பூர்

பதில்: வவுச்சர் பரவாயில்லை, டின்னர்தான் தொல்லை. வவுச்சர் இரண்டு மாதிரி வரும். குறிப்பிட்ட தொகைக்கு எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது ஒன்று; ‘இந்தக் கடையில் இந்த செட்’ என்பது இன்னொன்று. முதல் வகையாக இருந்தால், வவுச்சரின் மதிப்பைவிடக் குறைவாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் செட்டில் சைவம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பூங்காவுக்குள் எகிப்துப் பகுதியில் ‘ஓயாசிஸ் ஸ்பைஸ் கஃபே’யில் இந்தியச் சாப்பாடு கிடைக்கும் என்பதால் பட்டினி பயம் வேண்டாம்.

டின்னர் விஷயம் வேறு. குழுவோடு போகும்போது ஆறு, ஆறரைக்கெல்லாம் பஸ் வந்து நிற்கும். வெயில் தணிந்து வரிசை குறைகிற நேரத்தில் உங்களைப் பூங்காவிலிருந்து கிளப்பி, லிட்டில் இந்தியாவில் நாற்பது பேருக்கு வரிசையாக வைத்த பஃபே முன்னால் நிறுத்துவார்கள். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் கடைசி நேரம் அந்தப் பருப்புக்கும் ரொட்டிக்கும் போகிறது. “டின்னர் இல்லாமல் என்ன விலை?” என்று கேளுங்கள். விலை குறையவே குறையாது என்று சொன்னால், அந்த டின்னருக்கு டூர்க்காரர் எவ்வளவு செலவழிக்கிறார் என்பது தெரிந்துவிடும். செரங்கூன் சாலையில் ‘கோமள விலாஸ்’ போல நம் ஊர்ச் சாப்பாடு போடுகிற இடங்களுக்குப் பஞ்சமில்லை, எம்.ஆர்.டி. ரயிலில் நீங்களே போய்விடலாம்.

கேள்வி: சென்னைக்கு வெளியே ஒரு வாட்டர் தீம் பார்க்கில் ஆன்லைனில் டிக்கெட்டோடு மதியச் சாப்பாட்டுக் கூப்பனும் எடுத்தோம். கூட்டம் அதிகம். மூன்று மணிக்குப் போனபோது சாப்பாடு தீர்ந்துவிட்டது என்றார்கள். கூப்பனுக்குப் பணம் கேட்டால் ‘நோ ரீஃபண்ட்’ என்று போட்டிருப்பதைக் காட்டுகிறார்கள்.
– வாசகர், மேடவாக்கம்

பதில்: நீங்கள் மனம் மாறித் திருப்பிக் கேட்டால்தான் ‘நோ ரீஃபண்ட்’ பேச்சு. பணம் வாங்கிக்கொண்டு சாப்பாடு கொடுக்காதது சேவைக் குறைபாடு. ஒரு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: கூப்பனில் ‘12 முதல் 2.30 வரை’ என்று நேரம் போட்டிருந்தால் உங்கள் வாதம் வலுவிழக்கும். போடவில்லையென்றால் பஞ்ச் செய்யாத கூப்பன், பணம் கட்டிய ரசீது, காலி கவுன்டரின் போட்டோ இவற்றை வைத்து முதலில் பூங்காவுக்கு மெயில் போடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பன் தொகைக்கு இதுவே போதும், பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை கூப்பனை முன்கூட்டி எடுக்கவே வேண்டாம். வாட்டர் பார்க்கில் ஈரத் துணியோடு எப்போது பசிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: தீம் பார்க் கேட்டில் எங்கள் புளியோதரை டப்பாவைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். இதற்குச் சட்டம் இடம் தருகிறதா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: நேரடியாகத் தீம் பார்க்குக்குத் தீர்ப்பைக் காட்ட முடியாது. ஆனால் தியேட்டர்கள் விஷயத்தில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வெளிச் சாப்பாட்டைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றது. கூடவே, சுத்தமான குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. பூங்காக்காரர்களும் அதே நியாயத்தைத்தான் பேசுவார்கள். தடை இருப்பதை டிக்கெட் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கேட்டில் பிடித்தால் புகார் செய்யுங்கள். சர்க்கரை நோயாளிகள் கூட வந்தால் டாக்டர் சீட்டின் நகல் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் நிற்கும் ஆளிடம் அதைக் காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். டப்பாவை வாங்கி வைத்தால் டோக்கன் கேளுங்கள், மாலையில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். புளியோதரை என்பதால் மாலை வரை கெடாது.