இங்கிலாந்தின் பழைய கிராமத்துக் கல் வீடுகளில் அப்படி என்ன கட்டடக்கலை இருக்கிறது?

கல்லை அடுக்கிக் கட்டிய பண்ணை வீடுகளை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த வீட்டை வைத்தே சொல்கிறேன்: ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில் தேம்ஸ் நதிக்குப் பக்கத்தில் இருக்கும் கெல்ம்ஸ்காட் மேனர். 1600 வாக்கில் டர்னர் என்ற விவசாயக் குடும்பம் கட்டியது. 1871-இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் குத்தகைக்கு எடுத்த பிறகுதான் உலகப் புகழ் பெற்றது.

அங்கே போனால் முதலில் கூரையைப் பாருங்கள். ஓடுகளும் கல்தான், சுண்ணாம்புக் கல்லை மெல்லிய தகடுகளாகப் பிளந்தவை. அந்தக் காலத்தில் அந்தப் பகுதியில் ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்ற ஊரின் சுரங்கங்களில் கல்லை வெட்டி எடுத்து, ஈரம் காயாமல் பனிக்காலம் வரை வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் ஈரம் உறைந்து விரியும்போது கல் தானாகவே அடுக்கு அடுக்காகப் பிரியும். ஒவ்வொரு ஓட்டின் மேல்முனையிலும் துளை போட்டு, ஓக் மர முளை செருகி, ரீப்பரில் மாட்டிவிடுவார்கள்.

இப்படிப் பிளந்தால் எல்லா ஓடும் ஒரே அளவில் வராது. அதனால் பெரியவற்றை இறவாரத்தில் வைத்து, மேலே போகப் போகச் சிறிதாக்கி, முகட்டருகே மிகச் சிறியவற்றைப் பதிப்பார்கள். தண்ணீர் அதிகம் ஓடும் அடிப்பகுதியில் இணைப்புகள் குறைகின்றன, எடை அதிகமுள்ள ஓடுகள் சுவருக்கு நேர் மேலே உட்காருகின்றன, சின்னத் துண்டும் வீணாவதில்லை. மீன் செதிலையும் பறவை இறகையும் பார்க்கும்போது வரும் இன்பம் இந்தக் கூரையைப் பார்த்தாலும் வருகிறது என்று மாரிஸ் எழுதினார். நிமிர்ந்து பார்த்தால் அது மிகையில்லை என்று புரியும்.

மற்றதெல்லாம் இந்தக் கல்லிலிருந்து வருகிறது. கரடுமுரடான ஓட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது, அதனால் கூரை செங்குத்தாக நிற்கிறது. அவ்வளவு உயரக் கூரைக்குள் இடம் கிடைப்பதால் மாடி அறைகள். அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும், அதனால் முக்கோண முகப்புச் சுவர்களும் அவற்றில் ஜன்னல்களும். கல் உத்திரம் நீண்ட தூரம் தாங்காது, எனவே ஜன்னல்களைக் கல் தூண்களால் குறுகலாகப் பிரித்திருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் சேர்த்த வடக்குப் பகுதியில் மட்டும் ஜன்னல்களுக்கு மேல் கிரேக்க பாணியில் சின்ன முக்கோண அலங்காரம் உண்டு. ஆனால் கல் ஒன்றே என்பதால் உறுத்தவே இல்லை.

அப்புறம், இப்படிப்பட்ட வீட்டைப் பழுதுபார்க்கிறவர்கள் தயவுசெய்து சிமெண்டைத் தொடாதீர்கள். பழைய சுவர் உறிஞ்சிய ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாகத்தான் வெளியேறும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லை அரித்துவிடும். பழைய கட்டடங்களைப் 'புதுப்பிக்கிறோம்' என்று சிதைப்பதை எதிர்த்து மாரிஸும் நண்பர்களும் 1877-இல் ஒரு சங்கமே தொடங்கினார்கள். அது இன்றும் சுண்ணாம்பு வேலையைக் கற்றுக்கொடுத்து வருகிறது.