கொட்டகையில் நிற்கும் ஹெரால்டு: வாசகர் கேள்வி பதில்

பழைய சிறிய கார்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பற்றியவையாக இருந்ததால், இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் அறிமுகமான இந்தக் கார், 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலாட்டி வரைந்த உருவத்துக்கு நான்கு கதவுகள் வைத்துக் கார் செய்தது உலகில் வண்டலூர்த் தொழிற்சாலை மட்டுமே.

கேள்வி: என் தந்தையார் 1970இல் வாங்கிய நான்கு கதவு ஹெரால்டு, அவர் காலமான பிறகு எங்கள் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் பல ஆண்டுகளாக நிற்கிறது. இன்ஜின் சுற்றவில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர், பெட்ரோல் ஊற்றி, கியரில் போட்டுக் கயிறு கட்டி இழுத்தால் இன்ஜின் விட்டுக்கொடுத்துவிடும் என்கிறார். டிங்கரிங் பட்டறைக்காரர் முதலில் பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டு யோசனைகளையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். துருவேறி சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்ட பிஸ்டனைக் கயிறு கட்டி இழுத்து விடுவித்தால் ரிங்குகள் உடையும். கனெக்டிங் ராடு வளைவதும் உண்டு. பொறுமையாக விடுவித்தால் காப்பாற்றக்கூடிய இன்ஜினை ஐந்து நிமிடத்தில் பாழாக்கும் வேலை அது. பெயின்ட் என்பதோ எல்லாம் முடிந்த பிறகு செய்ய வேண்டியது. கையில் இருக்கும் பணத்தை முதலில் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் செலவிடுங்கள் என்பதுதான் உங்களுக்கும், இப்படிப்பட்ட காரை வைத்திருக்கும் எல்லோருக்கும் நாம் சொல்லக்கூடியது.

முதலில் சேசிஸை, அதாவது காரின் எடையைத் தாங்கும் அடிச்சட்டகத்தைப் பாருங்கள். அம்பாசிடர், பத்மினி ஆகியவற்றைப் போலன்றி, ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. பாடி அதன்மேல் போல்ட்டால் பொருத்தப்பட்டிருக்கிறது. நடுவில் ஓடும் இரண்டு முக்கியச் சட்டங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அவற்றிலிருந்து இருபுறமும் கை நீட்டியதுபோல் போகும் குறுக்குச் சட்டங்களும், அவற்றை இணைக்கும் ஓரச் சட்டங்களும்தான் முதலில் அரிக்கும். காரை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்திவிட்டு, சிறிய சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாகச் சத்தமிடும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவரை அழுத்தினால் உள்ளே இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். பின்பக்கம், இன்ஜினின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பொருத்தப்பட்ட பகுதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கதவுகளின் இடைவெளியும் ஒரு சாட்சி: மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால், நடுவில் சேசிஸ் தொய்ந்திருக்கலாம். ஓரச் சட்டங்களை வெல்டிங் பட்டறையில் புதிதாகச் செய்துகொள்ளலாம். ஆனால் கதவுகளை மூடி, இடைவெளியைச் சரிபார்த்து, பாடிக்குத் தற்காலிக முட்டுக் கொடுத்த பின்பே பழையதை வெட்ட வேண்டும். இல்லையேல் கதவுகள் மறுபடி ஒருநாளும் ஒழுங்காக மூடாது.

இனி இன்ஜின். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு வாரமாவது ஊறவிடுங்கள். வற்ற வற்றச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பிறகு முன்புறக் கப்பியின் நட்டில் ஸ்பானரை மாட்டி, இருபுறமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் நம்பிக்கை உண்டு. அன்றைக்கு அதோடு நிறுத்தி, மீண்டும் எண்ணெய் விடுங்கள். இரண்டு மூன்று வாரத்திலும் அசையாவிட்டால் இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுவதே வழி. ஹெரால்டின் முன்பகுதி முழுவதும் பானட்டோடு சேர்ந்து முன்னோக்கித் திறந்துகொள்வதால், முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே இந்த வேலையைச் செய்யலாம். இதைவிட மெக்கானிக்கின் முதுகுக்கு இரக்கம் காட்டிய கார் நம் நாட்டில் வந்ததில்லை என்பது நம் கருத்து.

இன்ஜின் சுற்றத் தொடங்கியதும் செய்ய வேண்டிய ஒரு சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை, பின்பக்க மெயின் பேரிங்கில் உள்ள அரைவட்டத் திரஸ்ட் வாஷர்கள். அவை தேய்ந்தால் ஒருநாள் கீழே எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடும். அதன் பிறகு கிராங்க் ஷாஃப்ட் பிளாக்கையே அறுக்கும். ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றொருவர் முன்புறக் கப்பியைக் கவனிக்கட்டும். கப்பி முன்னோக்கி நகர்வது கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தால், மேற்கொண்டு இன்ஜினைச் சுற்றாதீர்கள். சரியான இடைவெளி 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். எண்ணெய்த் தொட்டியை இறக்கினால், இன்ஜினை வெளியே எடுக்காமலே இந்த வாஷர்களை மாற்றிவிடலாம். தொட்டியை எப்படியும் இறக்கிக் கழுவத்தான் வேண்டும். அடியில் பல ஆண்டுகளின் சேறு படிந்திருக்கும்.

முதல்முறை ஸ்டார்ட் செய்யுமுன், பிளக்குகளைப் போடாமல் ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றி, எண்ணெய் அழுத்த விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும் என்பதால் டாங்கியை இணைக்காமல், தனிப் புட்டியிலிருந்து புதிய பெட்ரோலைக் கொடுங்கள். அருகில் தீயணைப்பான் இருக்கட்டும். ரேடியேட்டரைக் கழுவினால் மட்டும் போதாது. பிளாக்கின் பக்கத்தில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி, நான்காம் சிலிண்டரைச் சுற்றிப் படிந்திருக்கும் சேற்றைக் கம்பியால் குத்தி வெளியேற்ற வேண்டும். கார் சூடாகிறது என்ற புகாருக்குப் பாதி வேளைகளில் அதுதான் காரணம். பேட்டரியை இணைக்குமுன், எந்த முனை பாடியோடு இணைக்கப்பட்டிருந்தது என்பதைப் பழைய கேபிளைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். அக்கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையே பாடிக்குப் போகும். ஒயர்கள் லூகாஸ் நிறமுறைப்படி இருக்கும்: பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷனுக்கு, பச்சை பியூஸைக் கடந்து வருவது, கறுப்பு எர்த்.

பிரேக்கில் ஒரு ரூபாயும் மிச்சம் பிடிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் அனைத்தும் புதிதாக வேண்டும். இந்தக் காருக்கு ஒரே ஹைட்ராலிக் சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும் என்பதால், தோற்றத்தை நம்பக் கூடாது. டயர்களும் அப்படித்தான், பட்டை தேயாமல் இருந்தாலும் வயதான ரப்பர் வெடிக்கும். 13 அங்குலச் சக்கரத்துக்கு, ஆல்டோ கே10 காருக்கு வரும் 145/80 அளவு டயர் ஏறக்குறையப் பழைய அளவுக்கே ஒத்துவரும்.

கேள்வி: என் ஹெரால்டு ஓடுகிறது. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரத்தின் பக்கம் கரகரவென்று சத்தம் வருகிறது. சர்வீஸில் கிரீஸ் அடித்தும் போகவில்லை.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்தச் சத்தம் நிற்கும்வரை காரை எடுக்காதீர்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அது ட்ரனியன் என்ற வெண்கலக் கட்டிக்குள் திருகப்பட்டு, ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்புகிறது. அந்த மரைக்குத் தயாரிப்பாளர் சொன்னது கிரீஸ் அன்று, ஈ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் காலப்போக்கில் இறுகி, மரையின் அடிவரை எண்ணெய் போகும் வழியை அடைத்துவிடும். உள்ளே தேங்கும் நீர் இரும்புத் தண்டை அரிக்கும். ஒருநாள் தண்டு முறிந்து, சக்கரம் காருக்கடியில் மடங்கிவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதே இது நேர்கிறது என்றாலும், நெடுஞ்சாலையில் நேர்ந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இருபுறமும் பிரித்துப் பாருங்கள். மரையின் அடியில் பள்ளம் விழுந்திருந்தால் தண்டை மாற்றிவிடுங்கள். லேத்தில் வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறேன் என்பவரிடம் இதை மட்டும் கொடுக்காதீர்கள். நன்றாக இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, கியர் ஆயில் நிரப்பிப் பூட்டுங்கள். ஆயில் அடிப்பதற்கென்றே தனியாக ஒரு கிரீஸ் கன் வைத்துக்கொண்டு, மேலே புது ஆயில் கசியும்வரை சில மாதங்களுக்கு ஒருமுறை செலுத்தி வந்தால் இந்த அமைப்பு நீண்ட காலம் உழைக்கும். 7.6 மீட்டர் வட்டத்துக்குள் லண்டன் டாக்சிபோல் திரும்பும் ஹெரால்டின் திறமைக்கும் இந்த முன்பக்க அமைப்புத்தான் காரணம்.

பின்பக்கத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. குறுக்கே வைத்த ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கும், ஊசலாடும் பின் அச்சுகளும் கொண்ட இந்தக் காரில், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் உள்நோக்கி மடிந்து கார் நழுவக்கூடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, சீரான வேகத்தில் திரும்புங்கள். இதன் வழிவந்த கேசல் காரில் வண்டலூர்க்காரர்கள் பின்பக்கத்துக்கு உறுதியான ஒற்றை அச்சையே வைத்தார்கள்.

கேள்வி: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய இன்ஜினைக் கெடுத்துவிடுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இன்ஜினைவிட, பெட்ரோல் போகும் வழியைத்தான் அது முதலில் தாக்கும். பழைய ரப்பர் குழாய்களும், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வும் எத்தனாலில் ஊறி உப்பும், விரிசல் விடும். சூடான இன்ஜினின் மேல் பெட்ரோல் சொட்டுவது தீ விபத்துக்கு அழைப்பு. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஃப்ளூரோ ரப்பர் குழாய்களையும், எத்தனாலைத் தாங்கும் டயாஃப்ரத்தையும் பொருத்துங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டாங்கியையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். கலவை சற்று வறண்டு, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் குறைந்து போவதால், கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டியிருக்கலாம். பிளக் முனை வெளிறிப்போனால் அதுவே அறிகுறி.

எத்தனாலைப் பற்றிக் கவலைப்படும் பலரும் 2000ஆம் ஆண்டோடு நம் பெட்ரோலில் ஈயம் நின்றுபோனதை மறந்துவிடுகிறார்கள். ஹெரால்டின் வார்ப்பிரும்பு ஹெட்டில், வால்வு மூடும்போது அமரும் இடமான வால்வு இருக்கை தனிப் பகுதியாக இல்லாமல் ஹெட்டிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. ஈயத்தின் பாதுகாப்பு இல்லாமல் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கை அமிழும். வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே 0.25 மில்லிமீட்டருக்கு வைத்த டேப்பெட் இடைவெளி, சர்வீஸுக்குச் சர்வீஸ் குறைந்துகொண்டே வந்தால் அதுதான் நடக்கிறது. ஹெட்டை எப்போது கழற்றினாலும் கடினப்படுத்திய இருக்கைகளைப் பொருத்திவிடுவது நல்லது.

கேள்வி: மாருதி 800 இன்ஜினைப் பொருத்திவிட்டால் தொல்லை தீருமா?
— வாசகர், ஈரோடு

பதில்: தீராது. போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலின்றி இன்ஜினை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு முரணானது. விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிடும். அதோடு, கழற்றிய இன்ஜின் காயலான் கடைக்குப் போய்விட்டால் அந்தக் கார் மீண்டும் ஹெரால்டாக ஆவது மிகவும் கடினம்.

கேள்வி: காலமான தந்தையின் பெயரில் ஆர்.சி. புத்தகம் இருக்கிறது; பதிவு காலாவதியாகி நெடுநாளாகிறது. இனிப் புதுப்பிக்க முடியுமா? ‘வின்டேஜ்’ பதிவு எளிதென்கிறார்களே?
— வாசகர், மதுரை

பதில்: முடியும். 15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் கார்களுக்கான தடை டெல்லியையும் அதைச் சூழ்ந்த தலைநகர் வட்டாரத்தையும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் தகுதிச் சோதனையில் தேறிய காரை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். முதலில் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31இல் உரிமை மாற்றத்துக்கும், பிறகு படிவம் 25இல் புதுப்பித்தலுக்கும் விண்ணப்பியுங்கள். ஆர்.சி. புத்தகம் தொலைந்திருந்தால் படிவம் 26இல் நகல் பெற வேண்டும். பசுமை வரியும் சேரும். 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணம் 2025இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, துருவைத் துடைத்துத் தெளிவாகப் படிக்கும்படி வைத்த பிறகே ஆய்வாளரிடம் காரைக் காட்டுங்கள்.

2021இல் வந்த வின்டேஜ் விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு உரியவை. ஆனால் அப்படிப் பதிவான காரைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்; அன்றாடம் ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அழகர்கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்பது உங்கள் ஆசையாக இருந்தால், சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே சரி.

கேள்வி: உதிரிபாகங்கள் எங்கே கிடைக்கும்?
— வாசகர், திருச்சி

பதில்: சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் நேரில் போய்க் கேளுங்கள், பழைய பாகத்தைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். நம் ஊரில் கிடைக்காத ட்ரனியன், திரஸ்ட் வாஷர், பிரேக் சிலிண்டர் போன்றவை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கும் ஹெரால்டுக்கும் முன்பக்க சஸ்பென்ஷன் பெரிதும் பொது என்பதால் அந்தப் பெயரிலும் தேடுங்கள். இந்தியாவில் மட்டும் செய்யப்பட்ட நான்கு கதவுப் பாடியின் பின்கதவுகள், அவற்றின் கண்ணாடிகள், ரப்பர் பட்டைகள் ஆகியவை வெளிநாட்டில் கிடைக்கா. ஆகவே டிங்கரிங் பட்டறையில் காரை விடுமுன் கதவுகளையும் கண்ணாடிகளையும் நீங்களே கழற்றி, ஒவ்வொன்றிலும் அடையாளச் சீட்டுக் கட்டி, வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.