அசேலியா வாடினால் முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்

சிங்கப்பூரில் நாம் சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய அசேலியாக்கள் பூ உதிர்ந்து நிற்கும் காலம் இது. ரோடோடென்ட்ரான் பேரினத்தைச் சேர்ந்த இந்தச் செடிகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் இலைகள் வாடித் தொங்குகின்றன. பூஞ்சைக்கொல்லி தெளித்தும் பயன் இல்லை, ஐயா. (ஈசூன் வாசகி)

அந்தத் "தினமும்" என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் உள்ளே வேர்க்கட்டி காய்ந்து இறுகிவிட்டது, ஊற்றும் நீர் ஓரமாக வழிந்தோடிவிடுகிறது என்று பொருள். வாளி நீரில் தொட்டியை அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை வைத்திருந்து எடுங்கள். மறுநாளே இலை நிமிர்ந்துவிடும்.

தொட்டி கனமாக, மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது என்றால் வேர் அழுகல் என்று சந்தேகப்பட வேண்டும். செடியைச் சாய்த்து உருவிப் பாருங்கள். நல்ல வேர் முடிபோல மெல்லியது, வெளிர்நிறமானது. அழுகிய வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று வரும். அடித்தண்டில் மண்மட்டத்துக்கு அருகே பட்டையை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் நம்பிக்கை உண்டு. செம்பழுப்பாக இருந்தால் செடியைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். அந்த மண்ணை வேறு தொட்டிக்கு மாற்றவே கூடாது.

பெரும்பாலும் இதற்குக் காரணம் ஃபைட்டோஃப்தோரா என்ற கிருமி. பார்வைக்குப் பூஞ்சை போலத் தோன்றினாலும் அது உண்மையான பூஞ்சை அன்று. அதனால்தான் கடையில் கிடைக்கும் பல பூஞ்சைக்கொல்லிகள் அதனிடம் செல்லுபடியாவதில்லை. பாஸ்பொனேட் வகை மருந்து மிச்சமுள்ள வேரைக் காக்கும். அழுகியதை மீட்டுத் தராது. பச்சை இருந்தால் அழுகிய வேரை வெட்டி நீக்கி, மரப்பட்டைத் துண்டு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்மணிகள்), தென்னை நார்த்தூள் கலந்த புதுக்கலவையில் ஆழமில்லாமல் நட்டு நிழலில் வையுங்கள். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டையும் எடுத்துவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்காகவே அதை எடுத்திருக்க வேண்டும்.

புதுத்துளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. முட்டை ஓடு தூளாக்கிப் போடுகிறேன். (புக்கிட் பாத்தோக் வாசகர்)

முட்டை ஓட்டை இன்றே நிறுத்துங்கள்! அது சுண்ணாம்புச் சத்து. அசேலியா அமில மண்ணில், ஏறத்தாழ பிஎச் 4.5 முதல் 6 வரை, வாழும் செடி. அதைத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நம் குழாய் நீரும் சற்றே காரத்தன்மை உடையது என்பதால் நாளடைவில் அதுவும் சேர்ந்துகொள்ளும். இரும்புச் செலேட் (வேர் எளிதில் எடுக்கும் வடிவிலான இரும்பு) கரைசலும் அமில மண் செடிகளுக்கான உரமும் போதும். ஏற்கெனவே மஞ்சளான இலையைப் பார்த்து மனம் தளராதீர்கள். அடுத்து வரும் துளிரைக் கவனியுங்கள். பழைய அடியிலைகள் மட்டும் மஞ்சளானால் அது வேறு கதை: வயதாகி உதிரலாம், அல்லது தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம்.

இலையின் மேற்பரப்பு வெள்ளிப் புள்ளிகளாக வெளிறுகிறது. என்ன நோய்? (தெம்பனிஸ் வாசகி)

நோய் இல்லை, பூச்சி. இலையைத் திருப்புங்கள். மெல்லிய வலையும் நகரும் துகள்களும் தெரிந்தால் சிலந்திப் பேன். மழை படாத வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) தாழ்வாரங்களில் அதற்குக் கொண்டாட்டம். கறுப்பு மெழுகுச் சொட்டுகள் போல் இருந்தால் லேஸ் பூச்சியின் கழிவு. இரண்டுக்கும் இலையின் அடிப்பகுதியை நீர்பீய்ச்சிக் கழுவி, பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசலை மாலையில் தெளிக்கலாம். மேலே மட்டும் தெளிப்பது வீண்.

ஒரு கிளை மட்டும் காய்ந்துவிட்டது. மற்றவை நன்றாக இருக்கின்றன. (பிடோக் வாசகர்)

கிளைக்கருகல். கிளையில் பழுப்பு ஓடிய பகுதியைத் தாண்டி, உள்கட்டை வெள்ளையாகத் தெரியும் இடத்தில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தரியை 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் துடையுங்கள். தெளிக்க மருந்து தேவையில்லை.

இலைகள் தடித்து உருண்டு, வெள்ளை மாவு பூத்திருக்கின்றன. (ஜூரோங் வாசகி)

எக்ஸோபசிடியம் பூஞ்சை உண்டாக்கும் இலைக்கொப்புளம். மாவு பூக்கும் முன்பே கிள்ளி எறிந்திருந்தால் நல்லது, இப்போதாவது செய்யுங்கள். பூனை எட்டும் இடத்தில் போடாதீர்கள், இந்தச் செடி முழுவதுமே நஞ்சு.

மூன்று ஆண்டுகளாகச் செழிப்பாக இருக்கிறது, பூக்கவே இல்லை. (பொங்கோல் வாசகர்)

மூன்று ஆண்டுகள் காப்பாற்றியதே பெரிய விஷயம். மொட்டு முதிர்ந்து மலர இந்த வகைக்குச் சில வாரக் குளிர் வேண்டும். நம் இரவுகள் அதைத் தருவதில்லை. மருந்தும் உரமும் இதற்கு விடை ஆகாது. ரோடோடென்ட்ரான்தான் வேண்டுமென்றால், நியூ கினியிலும் போர்னியோவிலும் வளரும் வைரியா வகைகளில் தாழ்நிலத்துக்கு ஏற்றதைத் தேடுங்கள். அவற்றில் பல, மரத்தின் மேல் தொற்றி வளர்பவை. ஆர்க்கிட் கலவை போன்ற காற்றோட்டமான கலவையில் நட வேண்டும்.

கோத்தகிரியில் இருக்கும் அண்ணன் காட்டுப் பூவரசு நாற்று தருகிறேன் என்கிறார். கொண்டுவரலாமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

வேண்டாம், அம்மா. நீலகிரியின் அந்தச் சிவப்புப் பூ மரமும் ரோடோடென்ட்ரான்தான். ஆனால் அது உயர்மலைச் சோலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் உரியது. இங்கே வெயிலில் நிற்காது. தவிர, இந்தியாவிலிருந்து செடி கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் தேவை. முதல் கேள்வியில் சொன்ன வேர் அழுகல் கிருமி ஊர்விட்டு ஊர் போவதும் பெரும்பாலும் நாற்றோடு ஒட்டிய மண்ணில்தான்.